செடி செத்தால் கொடி

"இந்த வீட்டில் எனக்கென்று ஓரடி மண் கிடையாதா?" என்று அப்பா முழங்கியபோது, அவர் கையில் ஒரு உருளைக்கிழங்கு இருந்தது. அம்மா குப்பையில் போட்டதை எடுத்து வந்திருந்தார்.

"பாரு, முளை விட்டிருக்கு!"

"கிழங்குக்கு முளை வந்திருச்சு. உங்களுக்கு நெடில் எப்ப வரும்?"

முளைக்கு நெடில் மூளை என்று அப்பாவுக்கு விளங்குவதற்குள் அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அப்பா பல் மருத்துவர். வேரோடு பிடுங்குவதில் புலி. எதையும் நட்டு அறியாதவர். அவர் கேட்ட இடமோ, கொல்லைச் சுவரோரம் அம்மா துணி காயப்போடும் கொடிக்குக் கீழே. வெயில் விழுவது அங்கே மட்டும்தான்.

"செடி பிழைச்சா இடம் உங்களுக்கு," என்றாள் அம்மா. "செத்துச்சுன்னா என் கொடி திரும்ப வரணும். துவைக்கிறதும் காலம் பூரா நீங்கதான்."

நான் பல்கலைக்கழக விவாதக் குழுவில் இருக்கிறேன். எனவே நடுவர் நானே. நிபந்தனையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன், ஓட்டை இல்லை. சம்மதித்தோம். அன்றே கொடி கூடத்துக்கு வந்தது. ஈரப் போர்வைக்கு அடியில் குனிந்துதான் நாங்கள் சாப்பிட்டோம்.

"கண்ணு, கண்ணு!" என்று அப்பா கொல்லையிலிருந்து கூப்பிட்டார். ஓடினேன்.

"உன்னை இல்லம்மா. கிழங்கோட கண்ணு மேல இருக்கணுமா, கீழயா?"

செடி முழங்கால் உயரம் வந்ததும், பக்கத்து வீட்டு நாற்றுக்கடைக்காரர் சுவருக்கு மேல் தலை நீட்டினார். "டாக்டர், மண் அணைச்சீங்களா?"

அப்பா அன்று சாயங்காலமே செடியைச் சுற்றி வட்டமாகக் கரை எழுப்பி, உள்ளே தண்ணீரை நிரப்பினார். செடி கழுத்தளவு நீரில் நின்றது.

"என்னங்க இது?" என்றாள் அம்மா.

"மண் அணை."

"ஐயோ! செடியடியில மண்ணைக் குவிச்சு அணைச்சு விடச் சொன்னாருங்க. நீங்க அணையே கட்டிட்டீங்க!"

என்னைக் கேட்டால் குற்றம் அப்பாவுடையது அல்ல. மண்ணைக் குவிப்பது, நீரைத் தடுப்பது, விளக்கை நிறுத்துவது எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் மொழியுடையது. நல்லவேளை, விளக்கை அணைக்காமல் விட்டார். இதை நான் வாதாடி முடிப்பதற்குள் அம்மா கரையை உடைத்துத் தண்ணீரை வடித்து, தன் கையாலேயே மண் அணைத்தாள்.

எனக்குக் குழம்பியது. எதிரணிக்கு யாராவது உதவுவார்களா?

"அம்மா, நீ யார் கட்சி?"

"கிழங்குக் கட்சி" என்றாள்.

செடி தழைத்தது. பூத்தது. அப்பா நோயாளிகளிடம் பல்லைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார். பிறகு ஒருநாள் இலை மஞ்சளானது. தண்டு சரிந்தது. அப்பா ஆடும் பல்லைப் பார்ப்பதுபோல் ஒவ்வொரு தண்டையும் ஆட்டிப் பார்த்தார். உரம் போட்டார். குடை பிடித்தார். எல்லாம் சுருண்டு தரையோடு படுத்துவிட்டன.

"செத்துருச்சா?" என்றாள் அம்மா மெதுவாக.

"செத்துருச்சு."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க. அவசரமில்ல."

"செத்துருச்சுங்கிறேன்! இன்னும் எத்தனை தடவை சொல்லணும்?"

"நடுவர்?"

கனத்த மனதுடன் மரணத்தை உறுதி செய்தேன். அம்மா கடப்பாரையை அப்பாவிடம் நீட்டினாள். "அப்ப கொடிக்கம்பத்துக்குக் குழி தோண்டுங்க. பாத்து, மெதுவா."

இரண்டாவது குத்திலேயே மண்ணுக்குள்ளிருந்து ஒரு கிழங்கு உருண்டு வந்தது. பின்னாலேயே நாலைந்து. முஷ்டி பருமன்! அப்பா சேற்றில் மண்டியிட்டு, இரண்டு கையாலும் அள்ளி, சட்டையில் வாரிக்கொண்டு குதித்தார்.

"ஜெயிச்சுட்டேன்!"

"கிழங்கு விளைஞ்சுது. ஆனா செடி?"

"அம்மா, இது அநியாயம்!" என்றேன். "உருளைச் செடி எப்பவுமே இப்படித்தான் காயுமா?"

"கிழங்கு முத்தினா செடி செத்துரும். முத்தலேன்னாலும் செத்துரும். பந்தயம் செடியைப் பத்தித்தானே? நீதான ஓட்டை இல்லேன்னு சொன்ன?"

விவாதக் குழுவில் இதை நான் சொல்லப் போவதில்லை.

அம்மா கிழங்குகளை முறத்தில் வாங்கிக்கொண்டாள். "அந்த மண்ணுச் சட்டையக் கழட்டி ஊறப்போடுங்க."

அப்பா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்வதாக வாக்களித்திருக்கிறேன். அதுவரை என் ஜீன்ஸும் அவர் வாளியில்தான் ஊறுகிறது.