கத்திரிப்பூ நிறச் சால்வை

ஏழு கடல், ஏழு மலை தாண்டியெல்லாம் போக வேண்டாம். இரண்டு பேருந்து மாறினால் போய்ச் சேர்ந்துவிடலாம், அவ்வளவு பக்கத்தில் குழைபுரி என்றொரு நாடு இருந்தது. அந்த நாட்டின் நகராட்சியில் தெருநாய் பிடிப்பதற்கென்றே ஓர் அதிகாரி இருந்தார். பெயர் பொன்னுரங்கம். பிராணிக் கட்டுப்பாட்டு அலுவலர் என்று கதவில் பலகை தொங்கும். கம்பிவலை அடித்த வண்டி ஒன்றும், கயிற்றில் பின்னிய பெரிய வலை ஒன்றும் அவர் பொறுப்பில் இருந்தன. அந்த வலையை வீசும் அதிகாரம் நாட்டிலேயே அவர் ஒருவருக்குத்தான். வேறு யார் தொட்டாலும் குற்றம்.

மனிதர் பாட்டுக்குத் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாருக்கும் அதில் குறையில்லை. குறையில்லாமல் ஒரு வேலை நடந்தால் அரசாங்கத்துக்குப் பொறுக்குமா?

அப்போதுதான் நன்றிக் கட்சி ஆட்சிக்கு வந்தது. நன்றிக்கு நாயை விட்டால் வேறு யார் என்று, நாயையே சின்னமாக வைத்திருந்தார்கள். பதவி ஏற்றதும் முதல் ஆணை வந்தது. நாயை நாய் என்று அழைப்பது ஆளுங்கட்சியை இழிவு செய்வதாகும்; இனி ‘நன்றியார்’ என்றே அழைக்க வேண்டும். நன்றியாரை வலை வீசிப் பிடிப்பது அரசையே வலை வீசிப் பிடிப்பதற்குச் சமம். பொன்னுரங்கத்தின் கதவுப் பலகையைக் கழற்றிவிட்டு ‘நன்றியார் நல்லுறவு அலுவலர்’ என்று புதுப் பலகை மாட்டினார்கள். வண்டி கொட்டகையில் துருப்பிடித்தது.

பானைக்காரத் தெருவில் செம்பட்டை நிறத்தில், ஒரு காது கிழிந்த நாய் ஒன்று இருந்தது. தெருமுனையில் உட்கார்ந்துகொண்டு வருகிறவன் போகிறவனிடமெல்லாம் ஏதாவது ஒன்றை வாங்காமல் விடாது. பொட்டலம் கொடுத்தால் பொட்டலம், இல்லாவிட்டால் சதை. அதனால் தெருக்காரர்கள் அதற்குச் சுங்கம் என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தத் தெருவில் இடியாப்பம் விற்றுப் பிழைக்கும் வெள்ளத்தாயின் மகள் பவழம். ஒன்பதாம் வகுப்பு. புத்தகப் பையைத் தவிர வேறொன்றும் கொண்டுபோகாத பிள்ளை. அவளிடம் சுங்கம் கெண்டைக்காலை வாங்கிக்கொண்டது.

வெள்ளத்தாய் நகராட்சிக்கு ஓடினாள். ஆணையர் நீலமேகம் நாற்காலியில் சாய்ந்திருந்தார். பொன்னுரங்கம் பக்கத்தில் கைகட்டி நின்றார்.

“ஐயா, நாய் என் பொண்ணக் கடிச்சிருச்சுய்யா.”

ஆணையர் பதறிப்போய்க் கதவைச் சாத்தச் சொன்னார். “அம்மா, அலுவலகத்தில் இப்படிக் கெட்ட வார்த்தை பேசலாமா? யார் கடித்தது என்றீர்கள்?”

“நாய்தான்யா. அந்தச் சுங்கம்.”

“நன்றியார்.”

“சரிய்யா, அவரு. அவரு என் பொண்ணு கெண்டைக்கால்ல ஒரு துண்டு சதையப் பிச்சுட்டாரு.”

“பிச்சுட்டாரு என்பதும் கூடாது. ‘நெருங்கிப் பழகினார்’ என்பதுதான் அரசு ஏற்ற சொல்.”

“நெருங்கிப் பழகுனதுல எலும்பு தெரியுதுய்யா!”

“மருத்துவமனைக்குப் போங்கள் அம்மா. நம் ஆட்சியில் மருத்துவத்துக்கா குறை?”

போனாள். அங்கே ஊசி இல்லை. கடி என்பதே இல்லாத நாட்டில் கடிக்கு ஊசி எதற்கு என்று அமைச்சரவை நிறுத்திவிட்டிருந்தது. கேட்டவர்களுக்கு நன்றிக் கட்சித் தலைவரின் படம் போட்ட களிம்பு டப்பா ஒன்று கொடுத்தார்கள். டப்பா அழகாகத்தான் இருந்தது. வெள்ளத்தாய் அதை அங்கேயே வைத்துவிட்டு, மகளைத் தூக்கிக்கொண்டு பக்கத்து நாட்டுக்குப் பேருந்து ஏறி ஊசி போட்டு வந்தாள்.

காயம் ஆறியது, பயம் ஆறவில்லை. பவழம் வாசற்படியைத் தாண்ட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். ஆண்டுத் தேர்வுக்காவது வந்தால் பார்க்கலாம், இல்லாவிட்டால் பெயரை அடித்துவிடுவோம் என்று பள்ளிக்கூடத்திலிருந்து சொல்லி அனுப்பினார்கள்.

வெள்ளத்தாய் பொன்னுரங்கத்தைத் தனியாகப் பிடித்தாள். “ஒரு நாயப் பிடிக்க முடியல, நீங்கல்லாம் என்னத்துக்குய்யா சம்பளம் வாங்குறீங்க?”

அவருக்குச் சுருக்கென்றது. “தேர்தல் வருதும்மா. அது முடியட்டும். ஆட்சி மாறுன மறுநாளே நான் வலையோட வந்து நிக்கிறேன்.”

தேர்தல் வந்தது. எதிர்க்கட்சியான மானக் கட்சி நாய்த் தொல்லை ஒன்றையே கையில் எடுத்தது. அதன் தலைவர் மானங்காத்தார் திறந்த வண்டியில் பானைக்காரத் தெருவுக்கு வந்து, பவழத்தின் காலைப் பார்த்துக் கேமராவுக்கு நேராக விம்மினார். “என் முதல் கையெழுத்து இந்தச் சுங்கத்தைப் பிடிப்பதற்குத்தான்!” என்று முழங்கினார். அந்தக் கெண்டைக்கால் நாடெங்கும் சுவரொட்டியாக வந்தது. கால் ஊர் ஊராகப் போனது. காலுக்கு உரிய பிள்ளைதான் வீட்டைவிட்டு நகரவில்லை.

இதற்கு நடுவில் ஒரு சிக்கல். தேர்தல் அறிவித்துவிட்டால் கட்சிச் சின்னங்கள் பொதுமக்கள் கண்ணில் படக் கூடாது என்பது குழைபுரியின் விதி. சுவரில் இருந்தால் சுண்ணாம்பு அடிக்கலாம். சிலையாக நின்றால் துணி சுற்றலாம். காலைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலைகிற சின்னத்தை என்ன செய்வது? தேர்தல் அதிகாரி ஆணையரையும் பொன்னுரங்கத்தையும் கூப்பிட்டுக் கூட்டம் போட்டார்.

பொன்னுரங்கத்துக்கு முகம் மலர்ந்தது. “எல்லாத்தையும் பிடிச்சு வண்டியில ஏத்திரலாங்கய்யா. ஒண்ணுகூடக் கண்ணுல படாது.”

“சின்னத்தை மறைக்கத்தான் விதி உண்டு. அகற்ற விதி இல்லை,” என்றார் தேர்தல் அதிகாரி. “ஒவ்வொரு நன்றியாருக்கும் நடுநிலை நிறத்தில் துணி போர்த்துங்கள்.”

துணிக்கு ஒப்பந்தம் எடுத்தவர், இரண்டு கட்சிகளுக்கும் சால்வை தைத்துக் கொடுக்கிற அதே ஆள். அவருடைய கிடங்கில் கத்திரிப்பூ நிறத் துணி மலையாகக் கிடந்தது. அது மானக் கட்சியின் நிறமாயிற்றே என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று, அதுவே நடுநிலை நிறம் என ஆணையரிடம் முன்கூட்டியே சான்று வாங்கி வைத்திருந்தார். ஆணையரும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதென்று தெரிந்தவர்தான்.

வண்டி வெளியே வந்தது. பொன்னுரங்கம் ஊரெல்லாம் சுற்றி நாய்களுக்கு உடுத்திவிட்டார். கடைசியாகப் பானைக்காரத் தெரு. ஒரே வீச்சில் சுங்கம் வலைக்குள் விழுந்தது. அதன் முதுகில் துணியைப் போர்த்தி வயிற்றோடு முடிச்சுப் போடுவதற்குள் அவருடைய மணிக்கட்டில் தனக்கு உரியதை அது வாங்கிக்கொண்டது. வெள்ளத்தாய் கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

“அதான் பிடிச்சிட்டீங்களேய்யா! அப்படியே தூக்கி வண்டியில போடுங்க! ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்!”

பொன்னுரங்கம் வண்டியைப் பார்த்தார், நாயைப் பார்த்தார், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற பவழத்தையும் பார்த்தார். “விதி இல்லம்மா. இன்னும் கொஞ்ச நாள்தான்” என்று சொல்லி வலையைத் தளர்த்தினார். சுங்கம் சால்வையும் அதுவுமாக எழுந்து தெருமுனைக்குப் போய் உட்கார்ந்துகொண்டது.

மானக் கட்சி அமோகமாக வென்றது. பொன்னுரங்கம் சொன்ன சொல் தவறாமல் மறுநாளே வலையும் கையுமாக ஆணையர் அறைக்குப் போனார். ஆணையர் அதே நீலமேகம்தான். தோளில் மட்டும் கத்திரிப்பூ நிறம்.

“சுங்கத்தைப் பிடிக்க உத்தரவு வேணுங்கய்யா. தலைவரோட முதல் கையெழுத்துன்னு சொன்னாங்களே.”

“முதல் கையெழுத்து ஆகிவிட்டதே,” என்று ஆணையர் ஒரு காகிதத்தை நீட்டினார். “வெற்றி தோல்வி தெரியாத காலத்திலேயே நம் நிறச் சால்வையை அணிந்து வெயிலிலும் மழையிலும் நின்றவர்கள் அனைவரும் கட்சியின் தியாகிகள். சுங்கத்தார் பானைக்காரத் தெருப் பாதுகாப்புக் குழுவுக்குத் தலைவராக நியமிக்கப்பட்டிருக்கிறார்.”

“அந்தச் சால்வைய நாந்தான்யா கட்டுனேன்!”

“உம்முடைய சேவையும் நினைவில் இருக்கிறது.”

“நாய்த் தொல்லைய ஒழிப்போம்னு சொல்லித்தானே ஓட்டு வாங்குனாங்க?”

“ஒழித்துவிட்டோமே! போன ஆட்சியின் நாய் ஒன்றாவது தெருவில் இருக்கிறதா? இருப்பவர்கள் எல்லாம் நம்மவர்கள்.”

கதவுப் பலகையை மறுபடி மாற்றினார்கள்.

ஆண்டுத் தேர்வு தொடங்கும் நாள் காலையில் சுங்கத்தார் வழக்கம்போல் தெருமுனையில் வீற்றிருந்தார். பவழம் சீருடை போட்டு, பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு, வாசற்படிக்கு இந்தப் பக்கமே நின்று அழுதுகொண்டிருந்தாள். பொன்னுரங்கத்தின் வண்டி வந்து நின்றது. இத்தனை நாள் விதி விதி என்று இருந்ததற்குத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல் அவருக்கு இருந்தது. இறங்கினார். யாரையும் கேட்கவில்லை. வலையை வீசினார்.

அது நல்ல வீச்சுதான். ஆனால் வலை சிக்கியது சால்வையில்; சால்வையின் முடிச்சோ நைந்து போயிருந்தது. சுங்கம் ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்து வழுக்கி வெளியேறிவிட, வலைக்குள் சால்வை மட்டும் கிடந்தது.

எங்கிருந்துதான் வந்தார்களோ, ஆணையரும் காவலர்களும் வந்துவிட்டார்கள். ஆளுங்கட்சியின் சால்வையை வலை வீசிப் பிடித்த குற்றத்துக்காகப் பொன்னுரங்கத்தை அவருடைய வண்டியிலேயே ஏற்றிக் கதவைப் பூட்டினார்கள். சால்வையை மரியாதையோடு மடித்து எடுத்துக்கொண்டார்கள். வலையைத் தெருவில் விட்டுவிட்டார்கள்.

சுங்கம் தெரு நடுவில் வெறும் உடம்போடு நின்று சொறிந்துகொண்டிருந்தது.

“ஐயா, இப்ப அது மேல துணியே இல்லயே,” என்றாள் வெள்ளத்தாய். “இப்ப அது எந்தக் கட்சி?”

ஆணையர் யோசித்தார். “சட்டப்படி எந்தக் கட்சியும் இல்லை. தாராளமாகப் பிடிக்கலாம்.”

“அப்ப பிடிங்கய்யா.”

“பிடிக்கும் அதிகாரம் பெற்றவர் வண்டிக்குள் கைதியாக இருக்கிறாரே அம்மா.”

அதற்குள் சேதி பரவிவிட்டது. சுங்கத்தார் கட்சி இல்லாமல் நிற்கிறாராம்! தெருவின் கீழ்ப் பக்கத்திலிருந்து நன்றிக் கட்சிக்காரர்கள் தங்கள் கட்சியின் பழுப்புச் சால்வையை விரித்துப் பிடித்தபடி, “தாய்க் கட்சிக்குத் திரும்புங்கள் ஐயா!” என்று ஓடிவந்தார்கள். மேல் பக்கத்திலிருந்து மானங்காத்தாரே கத்திரிப்பூ நிறச் சால்வையோடு இறங்கி, “தியாகியே, நழுவியது துணிதான், உறவல்ல!” என்று கைகூப்பிக்கொண்டு வந்தார். ஆணையர் இரண்டு பக்கமும் மாறி மாறிக் கும்பிட்டார். சுங்கம் யாரை முதலில் கடிக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தது.

வெள்ளத்தாய் குனிந்து வலையை எடுத்தாள். குற்றம் என்று யாரும் சொல்லவில்லை. ஒருவரும் அவள் பக்கம் திரும்பவில்லை. அவள் வண்டியின் கம்பிவலையருகே போனாள்.

“ஐயா, இத எப்பிடி வீசணும்?”

“ஓரத்த இடது கையில பிடிச்சுக்கம்மா. மிச்சத்தத் தோள் மேல போட்டுக்க. ஒரு சுத்துச் சுத்தி விட்டுரு, தானா விரியும்.”

அவர் சொன்னபடியே அவள் வலையைத் தோளில் போட்டுக்கொண்டாள். பவழம் அழுகையை நிறுத்திவிட்டு வாசற்படிக்கு வெளியே ஒரு காலை எடுத்து வைத்திருந்தாள். தெரு நடுவில் இரண்டு சால்வைகளும் நாயை நெருங்கிக்கொண்டிருந்தன.

“வீசட்டுமாய்யா?”

பொன்னுரங்கம் கம்பி வழியாகப் பார்த்தார்.

“கொஞ்சம் பொறும்மா. எல்லாரும் கிட்ட வந்துரட்டும். வலை பெருசுதான்.”