நோய் நீங்கிய அட்டை

இன்றைக்கும் அக்கா ஊசி போட்டிருக்க மாட்டாள். கேட்டால் ‘போட்டாச்சு’ என்பாள். சின்ன வயதில் என் பென்சிலை எடுத்து ஒளித்துவைத்துக்கொண்டு ‘நான் எடுக்கலை’ என்று சொன்ன அதே குரலில்.

இப்படி நினைத்துக்கொண்டே நர்ஸ் ஜன்னல் வழியாக வரிசையைப் பார்த்தாள். அவளுடைய வரிசை அல்ல. அப்படி ஒன்று இல்லாமல் போய் மூன்று வாரம் ஆகிறது.

சண்டைக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடிவந்த நானூறு குடும்பங்கள் அந்தப் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தன. ஐந்தாம் வகுப்பு அறைதான் மருத்துவமனை. ஒரு மேசை, ஒரு எடைக்கருவி, ஈர மணலில் புதைத்த ஒரு மண்பானை. மின்சாரம் இல்லாததால் இன்சுலின் அந்தப் பானைக்குள்தான் குளிர்ந்துகொண்டிருந்தது. டாக்டர் வண்டி வாரம் ஒருமுறை வரும், சேறு அனுமதித்தால்.

எதிரே விறகுக் கொட்டகையில் இருந்தார் கைராசிக்காரர். அவரும் ஓடிவந்தவர்தானாம். ஓடிவந்தவரின் சட்டை அவ்வளவு வெள்ளையாக இருக்குமா என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அவருடைய வைத்தியம் சுத்தமானது. நோயாளி திரைக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு கையை மட்டும் வெளியே நீட்ட வேண்டும். கைராசிக்காரர் கண்ணை மூடிக்கொள்வார். உடம்பைப் பார்த்தால் சக்தி குறைந்துவிடுமாம். அவருடைய மச்சான் ஈரப் பஞ்சால் அந்தக் கையைத் துடைத்து, பஞ்சைக் கலங்கல் தண்ணீர் நிறைந்த சட்டியில் போடுவான். தண்ணீர் கறுக்கும். நோய் இறங்கிவிட்டது. காசு வாங்க மாட்டார், அவ்வளவு உத்தமர். நிவாரணத்தில் கிடைத்த சோப்பு ஒன்று போதும். அப்புறம், கைவசம் இருக்கும் மாத்திரை மருந்தையெல்லாம் அவருடைய வாளியில் போட்டுவிட வேண்டும். மருந்தும் அவர் கையும் ஒரே உடம்பில் இருக்காதாம்.

இதெல்லாம்கூட எடுபட்டிருக்காது. ஆனால் அவர் டோக்கன் கொடுத்தார்.

முகாமில் எல்லாமே வரிசையில்தான் கிடைத்தது. பாய், வாளி, போர்வை, பெயர்ப்பதிவு. அதனால் வரிசையைக் கண்டால் முதலில் நின்றுவிடுவார்கள். எதற்கு என்று அப்புறம் முன்னால் நிற்பவரைக் கேட்பார்கள், அவருக்கும் தெரிந்திருக்காது. டோக்கன் கொடுப்பவன் அதிகாரி. சீல் குத்துபவன் அதற்கும் மேலே. கைராசிக்காரர் இரண்டையும் செய்தார். மூன்று முறை கை துடைத்துக்கொண்டவருக்கு ‘நோய் நீங்கியது’ என்று சீல் குத்திய பச்சை அட்டை கிடைத்தது. அந்த அட்டை உள்ளவர்களைத்தான் முதலில் ஊருக்கு அனுப்புவார்களாம் என்று ஒரு பேச்சும் கிளம்பியது. யார் கிளப்பியது என்று கேட்க அந்த நானூறு குடும்பத்தில் ஒரு வாய்கூடத் திறக்கவில்லை.

அக்கா டோக்கனைப் பிடித்தபடி மருத்துவ அறை வாசலில் வந்து உட்கார்ந்தாள். நாக்கு வறண்டு ஒட்டியது.

“தண்ணி குடுடி.”

“மூணாவது சொம்பு இது. ஊசி போட்டியா?”

“போட்டாச்சு.”

“பானையில மருந்து அப்படியே இருக்கு. பானை பொய் சொல்லாதுக்கா.”

அக்கா சிரிக்கப் பார்த்தாள். “இன்னிக்கு மூணாவது தடவை. அட்டை வந்துரும். நீ சொல்லு, உன் ஊசியைப் போட்டா எனக்கு எப்போ குணமாகும்?”

நர்ஸ் சொம்பை நிரப்பிக் கொடுத்தாள். உயிருள்ளவரை போட வேண்டும் என்பதுதான் பதில். கைராசிக்காரர் ஒரு பொய்யால் கொடுக்கும் நிம்மதியை என்னால் ஒரு உண்மையால் கொடுக்க முடியவில்லையே என்ற பொறாமை அவளுக்கு இருந்தது. அதை ஒப்புக்கொள்ள வெட்கமாகவும் இருந்தது.

நாடி பார்க்க அக்காவின் கையைப் பிடித்தாள். மணிக்கட்டில் பழுப்புக் கறை. முகர்ந்தாள். அயோடின்.

மூன்று வாரத்துக்கு முன்னால் அலமாரியில் இரண்டு அயோடின் புட்டிகள் குறைந்தபோது, தான்தான் தப்பாக எண்ணிவிட்டதாகத் தன்னையே திட்டிக்கொண்டவள் அவள். இப்போது கொட்டகைச் சட்டியில் இருந்த கலங்கல் தண்ணீர் நினைவுக்கு வந்தது. சோறு வடித்த தண்ணீர். அதில் அயோடின் பட்டால் கருநீலமாகும். ஏழாம் வகுப்புப் பாடம். அற்புதம் நடந்துகொண்டிருந்ததோ பள்ளிக்கூடத்தில்.

“வா, நானும் வர்றேன்,” என்றாள்.

போகும்போது அலமாரியிலிருந்து ஊசி போடப் பழகும் ரப்பர் கையையும் எடுத்துக்கொண்டாள்.

திரைக்குப் பின்னால் அக்கா சுவரில் சாய்ந்துகொண்டாள். நர்ஸ் ரப்பர் கைக்குத் தன் வெள்ளைக் கோட்டின் கையை மாட்டி, வெளியே நீட்டினாள். மச்சானுக்கு அது அன்றைய நூற்றிரண்டாவது கை. அவன் கண் சோப்புக் குவியலில் இருந்தது. துடைத்தான், போட்டான். தண்ணீர் கறுத்தது.

கைராசிக்காரர் மூடிய கண்ணோடு பெருமூச்சு விட்டார். “பாவப்பட்ட கை. மூணு பிள்ளை பெத்த கை. ரெண்டாவது பிரசவத்துல ரத்தம் கெட்டுப்போச்சு. ஏழு வருஷத்து நோய், இப்பதான் இறங்குது தாயே.”

நர்ஸ் திரையை விலக்கி, மூன்று பிள்ளை பெற்ற கையைத் தூக்கிக் காட்டினாள்.

வரிசை கழுத்தை நீட்டிப் பார்த்தது. பிறகு பின்னாலிருந்து யாரோ கேட்டார்: “பிள்ளைங்க சுகமா?”

கைராசிக்காரர் கண்ணைத் திறந்தார். சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்காரர். “அந்த ரப்பர்ல எத்தனை நோயாளியோட மூச்சு பட்டிருக்கு? அந்த நோய்தான் இறங்குச்சு.”

நாலைந்து தலைகள் ஆமாம் என்று ஆடவும் செய்தன.

நர்ஸ் வாதாடவில்லை. பொதுச் சமையலறையிலிருந்து வடித்த தண்ணீர் ஒரு செம்பு வாங்கி, ஆறவைத்து, எல்லார் முன்னாலும் வைத்தாள். மச்சானின் காலடியில் இருந்த புட்டியை எடுத்து இரண்டு சொட்டு விட்டாள். யாருடைய கையும் படவில்லை. தண்ணீர் கறுத்தது.

“இது யாரோட நோய்?” என்று கேட்டாள்.

கொட்டகை போட்டுக்கொடுத்த தச்சர் செம்பை எட்டிப் பார்த்தார். தன் பச்சை அட்டையைப் பார்த்தார். நேராகப் போய் வாளிக்குப் பின்னால் இருந்த சாக்கை இழுத்தார். காய்ச்சலுக்கு, ரத்த அழுத்தத்துக்கு, வலிப்புக்கு என்று பிரித்து அழகாகக் கட்டிய மாத்திரைப் பொட்டலங்கள், சந்தைக்குப் போகத் தயாராக. அவற்றுக்கு மேலே, மருத்துவ அறை அலமாரியிலிருந்து காணாமல் போன இரண்டாவது புட்டி.

“என் பொண்டாட்டி வலிப்பு மாத்திரைய்யா இது,” என்றார் தச்சர், மிக மெதுவாக.

வெள்ளைச் சட்டை வேலி தாண்டும்போது கிழிந்தது. முள்ளுக்கு அவருடைய சக்தி தெரிந்திருக்கவில்லை. காவலாளிக்கும் தெரிந்திருக்கவில்லை, அவரையும் மச்சானையும் பிடித்துக்கொண்டான். அட்டைக்கும் ஊருக்கும் சம்பந்தமே இல்லை என்று முகாம் அதிகாரி அன்றைக்குத்தான் வாய் திறந்து சொன்னார். மூன்று வாரமாக அவரை யாரும் கேட்கவில்லையாம்.

அக்கா சுவரிலிருந்து நகரவில்லை. “அப்போ எனக்குள்ள இருந்தது எதுவுமே வெளிய போகலையா?”

“இல்லக்கா.”

அக்கா அழுதாள். நர்ஸ் சர்க்கரையைப் பார்த்து, அப்போதே ஊசி போட்டு, டாக்டருக்கும் ஆள் அனுப்பினாள். டாக்டர் வண்டி அன்று சேற்றை மீறி வந்தது.

இரண்டு நாள் கழித்து, காலையில் ஜன்னலைத் திறந்தபோது வெளியே இருநூறு பேர். அவளுடைய வரிசை. ஒரு கணம் நெஞ்சு நிறைந்தது. பிறகு கவனித்தாள். யார் கையிலும் மருந்துச் சீட்டு இல்லை. எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்கள்.

முதலில் அக்கா. முகம் தெளிந்திருந்தது. ஊசியை நீட்டினாள்.

“நானா போட்டா பலிக்காது. தினம் நீயே போட்டுவிடு. அதுக்கு முன்னால தலையில ஒரு தடவை கை வை. உனக்குத்தான்டி நிஜமான கைராசி.”

“எனக்கும், நர்ஸம்மா,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். “அப்புறம் டோக்கன் எப்போ குடுப்பீங்க?”

நர்ஸ் தன் இரண்டு கைகளையும் மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டாள். பிறகு ரப்பர் கையை எடுத்து மேசைமேல் கிடத்தினாள்.

“ராசியான கை வேணும்னா இதைத் தொட்டுக்கிட்டுப் போங்க, மூணு பிள்ளை பெத்த கை. மருந்து வேணும்னா, அது எதுக்கு, எத்தனை நாளைக்குன்னு என்னைக் கேள்வி கேட்டுட்டு வாங்குங்க. ஊசியை நீயே போடுக்கா. நான் பக்கத்துல இருக்கேன்.”