கரியபோளம் தடவுன போன்

புள்ளைக கையில இருந்து எதையும் வெடுக்குன்னு புடுங்கப்பிடாது. அதுகளா வேண்டாம்னு விடுத மாதிரி செய்யணும். அஞ்சு பெத்து அஞ்சுக்கும் பால் மறக்கடிச்சவ நான், எனக்குத் தெரியாத வித்தையா. அந்தத் திமிர்ல போன வருசம் பெரிய லீவுல நான் பண்ணுன கூத்தத்தான் இப்பச் சொல்லப் போறேன். (எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல எழுதுதது என் பேத்தி ஜெனி. அவளப் பத்திச் சொல்லுததையும் மாத்தாம எழுதணும்னு பேச்சு.)

ஜெனிக்கு அப்பப் பதினாலு வயசு. திங்கும்போது போன், தல பின்னும்போது போன், கக்கூசுக்குப் போனாலும் போன். படுத்துட்டான்னு பாத்தா போர்வைக்குள்ள இருந்து வெளிச்சம் வரும். காலையில கண்ணு ரெண்டும் சங்கரா மீன் மாதிரி செவந்து கெடக்கும். இதுல ஒரு கெட்ட பழக்கம் வேற, என்னத்தயாவது யோசிச்சான்னா போன் ஓரத்தப் பல்லால கடிச்சிக்கிட்டே இருப்பா. எலி கருவாட்டக் கடிக்க மாதிரி. (எழுதுளா, மொறைக்காத.)

அவ அப்பன் ரெக்சன், என் மூத்த மவன். சரக்குக் கப்பல்ல வேல. கடல்ல இருக்கும்போது, "ஏளா, போன் பாக்காத, போன் பாக்காத"ன்னு தெனமும் புத்தி சொல்லுவான். அதச் சொல்லுததே வீடியோ கால்லதான். லீவுக்கு வந்து எறங்குனான்னா வீடும் கப்பல் மாதிரி மணி அடிச்சா நடக்கணும். அந்தத் தடவ ஜெனி மார்க்குச் சீட்டப் பாத்துட்டு ஒரே முடிவா சொல்லிட்டான்.

"இந்த வருசம் இவ ஹாஸ்டல்ல இருந்து படிக்கட்டும். டெய்சி அக்காகிட்ட பேசிட்டேன். ஞாயித்துக்கெழம மத்தியானம் இங்க சாப்பிட்டுட்டு, சாயங்காலம் கையோட கூட்டிட்டுப் போறாக."

டெய்சி யாருன்னா, என் அக்கா மவ. பாளையங்கோட்டப் பக்கம் பொம்பளப் புள்ளைக ஹாஸ்டல் ஒண்ணுல வார்டன். புள்ளைகள போன்ல இருந்து எப்படி மீக்கதுன்னு கோயில் கூட்டத்துல எல்லாம் மைக்கப் புடிச்சுப் பேசுவா. அவ பேசுனா தாய்மாருக கண்ணீர் விடுவாக. மைக்க வச்ச ஒடனே போன எடுத்து, பேசுனது வீடியோவுல நல்லா விழுந்திருக்கான்னு பாப்பா.

ஜெனி செவுத்தப் பாத்து உக்காந்திருந்தா. நான் கணக்குப் போட்டுப் பாத்தேன். அவன் கடலுக்குப் போயிருவான். மருமவ ஸ்டெல்லா தங்கமானவதான், ஆனா ஒரு சண்டைக்கும் வர மாட்டா. ஜெனின்னா ஒண்ணு சொன்னா ஒம்பது பேசுவா. அவளும் போயிட்டா இந்த வீட்டுல நான் யார்கூட வாய் குடுத்து நாள ஓட்ட. எப்படியாச்சும் ஞாயித்துக்கெழமைக்குள்ள இவ போன விடணும், அவன் கண்ணால அதப் பாக்கணும், ஹாஸ்டல் பேச்சு நிக்கணும். அதுதான் எனக்கு.

அப்பத்தான் கரியபோளம் ஞாபகம் வந்துச்சி.

தெரியாதவுகளுக்குச் சொல்லுதேன். கன்னங்கரேல்னு கட்டியா இருக்கும். தண்ணி தொட்டு ஒரசுனா மை மாதிரி வரும். அத மார்ல தடவிட்டா, பால் குடிக்க வார புள்ள ஒரு தடவ வாய வச்சிட்டு ஓடிரும், அதுக்கப்புறம் கிட்டயே வராது. அப்படி ஒரு கசப்பு. நான் நாட்டு மருந்துக் கடைக்குப் போயி, "அண்ணாச்சி, கரியபோளம் ஒரு கட்டி குடுங்க"ன்னேன்.

"என்ன ஆச்சி, வீட்டுல பால் மறக்கடிக்கணுமா? கைப்புள்ளைக்கு என்ன வயசு?"

"பதினாலு அண்ணாச்சி."

அண்ணாச்சி பொட்டலத்த மடிச்சிக் கையில குடுத்துட்டு அடுத்த ஆளப் பாத்துட்டாரு.

ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சி டெய்சியும் வந்து எறங்கியாச்சி. வேர்வைக்கு ரெக்சன் குளிக்கப் போனான், டெய்சி உடுப்பு மாத்தப் போனா. முன் ரூம்பு மேசையில போனெல்லாம் வரிசையா சார்ஜுல கெடக்கு. எல்லாமே கறுப்பு. எது ஜெனியோடதுன்னு நான் எத வச்சிக் கண்டுபுடிக்க. (இவ சொல்லுதா, அதுல பூனப் படம் வருமாம். தூங்குத போன்ல எனக்கு எந்தப் பூன வந்துச்சி.) சரி, எதுவா இருந்தா என்ன, இவ போனப் புடுங்குனா இவ அப்பன் போன எடுப்பா, அதயும் புடுங்குனா அத்தை போன எடுப்பா. எல்லாத்துலயும் தடவிரணும்னு முடிவு பண்ணுனேன்.

கண்ணாடியில தடவுனாத் தெரியும்லா, அதனால முதுகுலயும் ஓரத்துலயும், திங்குத கையில படாம எடக்கையால நல்லா வழிச்சித் தடவுனேன். கறுப்புல கறுப்பு, ஒண்ணும் தெரியல. காத்தாடிக் காத்துல காஞ்சி பளபளன்னு இருந்துச்சி. புதுப் போன் மாதிரி இருக்கேன்னு எனக்கே பெருமையா போச்சி.

கொஞ்ச நேரத்துல ஜெனி வந்தா. அவளோடத எடுத்தா. என்னத்தயோ யோசிச்சா. கடிச்சா.

அந்த மூஞ்சியப் பாக்கணுமே. வாசலுக்கு ஓடிப் போயித் துப்புனா, வாயக் கொப்புளிச்சா, திரும்பி வந்து அவ போன மோந்து பாத்தா, மேசையில கெடந்ததயும் மோந்து பாத்தா. பொறவு என்னயப் பாத்தா. நான் மோட்டுவளையப் பாத்தேன். அவ போனத் தூக்கி பீரோ மேல வச்சிட்டு, சோப்புப் போட்டுக் கைய கழுவிட்டு, வெங்காயம் உரிக்க அடுப்படிக்குப் போயிட்டா.

வெங்காயம் உரிக்கா. ஜெனி. நான் மாதா படத்தப் பாத்து சிலுவ போட்டுக்கிட்டேன். பலிச்சிருச்சின்னு.

சாப்பாட்டுக்கு உக்காந்தோம். ஸ்டெல்லா புன்னக்காயல்காரி. மீன் ஆயுததுல அவ கை பட்டா ஒரு செதில் நிக்காது. அன்னைக்கு வெளமீன் கொழம்பு, பொரிச்சது, சுறாப் புட்டு, பாயாசம் எல்லாம் வச்சிருந்தா. எல்லாரும் கை கழுவிட்டுத்தான் உக்காந்தாக, அதுல குத்தம் இல்ல. ஆனா டெய்சி, "சாப்பாட்டு செபம் சொல்லிருவோம்"னு போன எடுத்தா. செபம் அவளுக்குப் போன்லதான் இருக்கு. இங்கன ரெக்சன், "ஒரு நிமிசம், கப்பல் குரூப்புக்கு அனுப்பணும்"னு எலையச் சுத்திச் சுத்திப் போட்டோ எடுத்தான். நல்ல வெக்க. கையெல்லாம் கசகசன்னு வேர்வ.

ஆமென்னு சொல்லி, அதே கையாலப் பெசஞ்சி ஒரு வா வச்சாக.

ரெக்சன் மெல்லுதத நிப்பாட்டுனான். "ஸ்டெல்லா, மீன்ல பித்து ஒடைஞ்சிருக்கு."

அடுப்படியில சத்தம் நின்னு போச்சி. மீனுக்குள்ள பச்சையா ஒரு பித்தப்பை இருக்கும், ஆயும்போது அது ஒடைஞ்சா மீனெல்லாம் கசந்து போவும். கடக்கரையில பொறந்த பொம்பளையப் பாத்து அந்த வார்த்தய சொல்லப்பிடாது. அதுக்கு நீ ஒழுங்கா வளரலன்னு சொல்லிரலாம்.

"யாரு ஒடைச்சா?"ன்னா ஸ்டெல்லா.

"கசக்குளா. அக்கா, உங்களுக்கு?"

டெய்சி மூஞ்சி சுருங்கிப் போயிருந்துச்சி. "லேசாக் கசக்கு. பரவால்ல ஸ்டெல்லா. டவுன்ல இருக்கவளுக்கு மறந்து போறது சகசம்."

என்னைக்கும் சண்டைக்கு வராத என் மருமவ முந்தானிய இடுப்புல சொருகிட்டு வந்து நின்னா. நான் தின்னு பாத்தேன், தேனா இருக்கு. ஜெனி குனிஞ்ச தல நிமிராம ரெண்டாவது துண்டுக்குப் போயிட்டா.

"மாமிக்குக் கசக்கல, உங்க மவளுக்குக் கசக்கல. அக்காளும் தம்பியும், உங்க ரெண்டு பேருக்கு மட்டும் எப்படிக் கசக்கும்?"ன்னா ஸ்டெல்லா. "நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன். அங்க வந்து பித்து ஒடைஞ்சிருச்சின்னு சொல்லிப் பாருங்க."

பேத்தி போறதத் தடுக்கப் போயி மருமவளும் பைய எடுக்கா. நானும் அப்ப என்ன நெனச்சேன்னா, ரெக்சன் துண்டுல மட்டும் பித்து பட்டிருக்கும்னுதான். போன் ஞாபகமே வரல. நான் தடவுனது ஜெனிக்குல்லா.

ரெக்சன் வாய மாத்த ஒரு வாழப்பழத்த உரிச்சான். கசக்கு. பாயாசத்த எடுத்தான். கசக்கு. அப்பத்தான் அவனுக்குப் பயம் வந்துச்சி. "அக்கா, இது மீன் இல்ல. எனக்கு வாயில என்னமோ ஆயிருக்கு."

"எனக்கும்டே,"ன்னா டெய்சி. "இரு, பாப்போம்." போன எடுத்து வாய் கசப்புன்னு போட்டுத் தேடுனா. தேடத் தேட, கசப்பு போயிருச்சான்னு வெரல நக்கி நக்கிப் பாத்தா. "கல்லீரல்னு போட்டிருக்கு." நக்குனா. "கூடிக்கிட்டே வருதுடே. கணையம்னும் போட்டிருக்கு." மறுபடி நக்குனா. "நாக்கு நரம்புன்னு ஒண்ணு இருக்காம்."

ரெக்சன் கப்பல் டாக்டருக்குப் போன் போட்டு கன்னத்துல அழுத்தி வச்சிட்டு நடையா நடக்கான். அவரு எடுக்கல. போன எறக்குனா, காதுல இருந்து தாவாங்கட்ட வரைக்கும் கறுப்பா ஒரு கோடு.

டெய்சி பாத்துட்டா. "தம்பி, உனக்கு மூஞ்சி கறுக்கு."

அவன் அவளப் பாத்தான். "உங்களுக்கு ஒதடு கறுத்திருச்சிக்கா."

"ஸ்டெல்லா, கோயிலுக்கு ஆள் அனுப்பு,"ன்னா டெய்சி. "சாமியார வரச் சொல்லு. அவஸ்தப் பூசுதல் குடுத்துரட்டும்." சாவப் போறவுகளுக்குத்தான் அது குடுக்கது. ஸ்டெல்லா பையக் கீழ வச்சிட்டு நிக்கா, புருசன் சாவப் போறான்னு அழவா, மீனக் கொற சொன்னான்னு போவவான்னு தெரியாம.

நான் டெய்சி ஒதட்டப் பாத்தேன். என் அஞ்சு புள்ளைக வாயிலயும் நான் பாத்த அதே கறுப்பு. அப்பத்தான் எனக்கு வெளங்குச்சி. வெளங்குன ஒடனே எடக்கைய முந்தானிக்குள்ள ஒளிச்சிக்கிட்டேன்.

ஜெனி மீன் முள்ள ஓரமா ஒதுக்கி வச்சிட்டு நிதானமாச் சொன்னா: "அப்பா, அத்தை, ரெண்டு பேரும் போனக் கீழ வச்சிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவிட்டு வந்து சாப்பிடுங்க."

சாவப் போறவுக யாரு சொன்னாலும் கேப்பாகல்லா. போயி கழுவிட்டு வந்தாக. ஸ்டெல்லா புது எல போட்டுச் சோறு வச்சா. ஒரு வா வச்சாக. இன்னொரு வா வச்சாக. கசப்பே இல்ல.

ரெக்சன் மெள்ளப் போன எடுத்தான். அப்படியும் இப்படியும் திருப்பிப் பாத்தான். பொறவு அத நாக்க நீட்டி நக்குனான். டெய்சியும் அவளோடத நக்குனா. அந்த நேரம் பாத்து பக்கத்து வீட்டுப் பொம்பள கொழம்பு வாங்கக் கிண்ணத்தோட வந்தவ, வாசல்லயே நின்னு பாத்துட்டு, கொழம்பு வேண்டாம்னு போயிட்டா.

"ம்மா, கையக் காட்டுங்க,"ன்னான் ரெக்சன்.

காட்டுனேன். எடக்கை நகமெல்லாம் மை.

"நான் ஜெனிக்குத்தாம்டே தடவுனேன். நீங்க நடுவுல வந்து நக்குனா நான் என்ன செய்ய."

மொதல்ல சிரிச்சது ஸ்டெல்லாதான். அடுப்படி நெலயப் புடிச்சிக்கிட்டு, கண்ணுல தண்ணி வர. சிரிச்சி முடிச்சிட்டு, "இப்பச் சொல்லுங்க, பித்து யாரு ஒடைச்சா?"ன்னா. ரெக்சன் தப்புன்னு ஒத்துக்கிட்டான். டெய்சியும் ஒத்துக்கிடுத வரைக்கும் ஸ்டெல்லா ரசம் ஊத்தல.

பொறவு ரெக்சன் ஜெனியக் கேட்டான். "உனக்கு முன்னாடியே தெரியுமாளா?"

"கடிச்ச ஒடனே தெரிஞ்சிச்சி."

"பொறவு ஏன் சொல்லல?"

"நீங்க ரெண்டு பேரும் சாப்பிடும்போது போனத் தொடாம இருந்தா உங்களுக்குக் கசந்திருக்காதுல்லாப்பா. தொட மாட்டீங்கன்னு நெனச்சேன்." சோத்தப் பெசஞ்சிக்கிட்டே சொன்னா: "என்கிட்டப் புடுங்கினா நான் ஒளிச்சி வச்சிப் பாப்பேன். ஹாஸ்டல்லயும் ஒளிச்சி வச்சிப் பாக்காக, அத்தைய கேளுங்க. எல்லாரும் வச்சா நானும் வச்சிருதேன். சாப்பாட்டுல வேண்டாம். படுக்கும்போது எல்லாப் போனும் முன் ரூம்புல. உங்களோடதும்."

ரெக்சன் டெய்சியப் பாத்தான். டெய்சி ஒதட்டத் தொடச்சிக்கிட்டே, "புள்ள சொல்லுதது சரிதாம்டே,"ன்னா. வேற என்னமோ சொல்ல வந்தவ வயித்தப் புடிச்சிட்டு எந்திரிச்சா. (கரியபோளம் வயித்தையும் எளக்கும். அத நான் மறந்தே போனேன்.) சாயங்கால பஸ்ஸ விட்டுட்டு அன்னைக்குப் பூரா அவ கக்கூசுக்கும் ரூம்புக்குமா நடந்தா. ஸ்டெல்லா அவ போனக் கழுவித் தொடச்சி வெயில்ல வச்சிருந்ததால, வெறுங்கையோடதான் போயிட்டு வந்தா. மறுநா காலையில தனியாத்தான் ஊருக்குப் போனா.

ஜெனி ஒரே நாள்ல திருந்திட்டான்னு சொன்னா அவளே இத எழுத மாட்டா. மொத வாரம் முன் ரூம்புக்குத் தண்ணி குடிக்க அடிக்கடி எந்திரிச்சிப் போனா. அங்க போயிப் பாத்தா அவ அப்பனும் தண்ணி குடிக்க வந்து நிப்பான். ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துட்டுத் தண்ணியக் குடிச்சிட்டு வந்து படுத்துக்கிடுவாக. அப்படியே பழகிப் போச்சி. கண்ணும் வெளுத்துருச்சி, மார்க்கும் பரவால்ல. இன்னும் இங்கனதான் இருக்கா, வாய்க்கு வாய் பேசிக்கிட்டு.

இப்ப ரெக்சன் கடல்ல இருக்கான். அவனுக்கு நேரம் கெடைக்கதே சாப்பாட்டு நேரத்துலதான், தட்ட வச்சிக்கிட்டுத்தான் வீடியோ கால் போடுதான். மவன் மூஞ்சியக் கண்ணு நெறயப் பாப்போம்னு நான் போன வாங்குவேன். அவன் மொத வாய்க்கு அள்ளுவான். ஜெனி என் தோளுக்குப் பின்னால இருந்து, "அப்பா, கசக்கலையா?"ன்னு கேப்பா.

அவன் ஒடனே போன மல்லாக்க மேசையில வச்சிட்டு, கை கழுவிட்டு வந்து சாப்பிட ஆரம்பிச்சிருவான். நாங்க அவன் கப்பல் மேக்கூரையில எரியுத டியூப் லைட்டப் பாத்துக்கிட்டே, அவன் சாப்பிட்டு முடிக்க வரைக்கும் உக்காந்திருப்போம்.