காலிஃபிளவர் தின்ற மாடு

எனக்குக் கோபம் வந்தால் முதலில் மறந்துபோவது செருப்பு. கல்யாணமான புதிதில் அதைவிடப் பெரிய விஷயங்களையும் மறந்திருக்கிறேன். நெய்வேலி டவுன்ஷிப்பின் நடுரோட்டில், பட்டப்பகலில், நைட்டியோடு ஒரு மாட்டை ஓட்டிக்கொண்டு போனவள் நான்தான். (தோளில் துண்டு போட்டிருந்தேன். என் மானத்தைப் பற்றி யார் கேட்டாலும் இன்றுவரை அந்தத் துண்டைத்தான் எடுத்துக்காட்டுகிறேன்.)

எண்பதுகளின் பிற்பாதி அது. என் வீட்டுக்காரர் மைன்ஸில் பெர்மனென்ட் ஆகி, எங்களுக்குக் குவார்ட்டர்ஸ் கிடைத்திருந்தது. விருதுநகர்ப் பக்கத்தில் குடம் சுமந்து வளர்ந்த எனக்கு, திறந்தால் தண்ணீர் கொட்டுகிற குழாய். நேர்க்கோடு போட்ட மாதிரி ரோடு, இரண்டு பக்கமும் மரம், பொழுது சாய்ந்தால் தானாக எரியும் விளக்கு. வீட்டைச் சுற்றி அவ்வளவு பெரிய தோட்டம். எங்கள் ஊரில் அந்த இடத்தில் மூன்று குடும்பம் இருக்கும். எல்லாவற்றையும் டவுன்ஷிப் ஆபீஸ் பார்த்துக்கொள்ளும் என்றார்கள். எது கெட்டாலும் எழுதிக் கொடுத்தால் போதுமாம். எங்கள் கேட்டின் தாழ்ப்பாள் உடைந்திருந்தது. எழுதிக் கொடுத்தேன். திரும்பவும் எழுதிக் கொடுத்தேன். தாழ்ப்பாள் வரவில்லை. சணல் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டேன்.

அந்தத் தோட்டத்தில் நான் காலிஃபிளவர் போட்டேன். நெய்வேலி வெயிலில் அது வராது என்று பிளாக் முழுக்கச் சொன்னது. பக்கத்து வீட்டு ஸ்டெல்லா டீச்சர் கடலூர்க்காரர். சிரித்துக்கொண்டே மனதைப் புண்படுத்தத் தெரிந்தவர். "இந்த வெயிலுக்கு அது செடியிலேயே வெந்துடும்மா. நீ நேரா குழம்புல போட்டுக்கலாம்" என்றார். வந்த ரோஷத்தில் ஒரு நல்ல சேலையைக் கிழித்துச் செடிகளுக்குப் பந்தல் போட்டேன். மார்கழிப் பனியில் அது நிஜமாகவே பூத்துவிட்டது. பொங்கலுக்கு முன்னால் டவுன்ஷிப்பில் தோட்டப் போட்டி என்றார்கள். பெயர் கொடுத்தேன்.

தோட்டம் பார்க்க ஆட்கள் வருவதாகச் சொன்ன சனிக்கிழமை காலை, பின்கதவைத் திறந்தேன். பாத்திக்கு நடுவே ஒரு செவலைப் பசு நின்றுகொண்டிருந்தது. கேட்டில் சணல் கயிறு இல்லை. அதையும் தின்றிருக்க வேண்டும். வாயில் என் கடைசிப் பூ. பந்தியில் உட்கார்ந்தவர் பரிமாறுகிறவரைப் பார்ப்பாரே, 'இன்னும் கொஞ்சம் இருக்கா?' என்று, அப்படிப் பார்த்தது.

புத்தியுள்ள பெண்ணாக இருந்தால் மாட்டை விரட்டிவிட்டு ஒரு மூச்சு அழுதிருப்பாள். எனக்கு நியாயம் வேண்டியிருந்தது. திரிகிற மாடுகளை அடைத்துவைக்க டவுன்ஷிப்பில் ஒரு பவுண்டு உண்டு. அதாவது மாட்டு ஜெயில். கழுத்துக் கயிற்றைப் பிடித்தேன். மாட்டை நான் இழுத்துக்கொண்டு போனதாகத்தான் பல வருடம் சொல்லி வந்தேன். உண்மையில் மிச்சமிருந்த காலிஃபிளவர் இலைகளை ஒவ்வொன்றாக நீட்டிக்கொண்டே நான் முன்னால் போக, அது மரியாதையாகப் பின்னால் வந்தது.

பாதி வழியில் எதிரே கம்பெனி பஸ். ஜெனரல் ஷிப்டுக்குப் போகிற பஸ். மாடு ரோட்டின் நடுவில் நின்றுவிட்டது. டிரைவர் ஹாரன் அடித்தார். ஜன்னல் தவறாமல் தலைகள் எட்டிப் பார்த்தன. ஒரு ஜன்னலில் என் வீட்டுக்காரர்.

"யாருப்பா அது, நைட்டி போட்டுக்கினு மாடு மேய்க்கிறது?" என்று அவருக்குப் பக்கத்திலிருந்தவர் கேட்டது என் காதிலேயே விழுந்தது.

"தெரியலையே" என்றார் எனக்குத் தாலி கட்டிய மனிதர்.

அந்தக் கோபத்தையும் மாட்டின் கணக்கில் சேர்த்துக்கொண்டு பவுண்டுக்குப் போனேன். அங்கிருந்த வாட்ச்மேன், "நீங்களே புடிச்சுக்கினு வந்துட்டீங்களா!" என்று அசந்துபோனார். ஒரு தாள் கொடுத்தார். பொதுச்சொத்து, சட்டம், ஒழுங்கு என்று எனக்குத் தெரிந்த பெரிய வார்த்தைகளையெல்லாம் போட்டு எழுதிக் கொடுத்தேன். டவுன்ஷிப்பில் நான் எழுதிக் கொடுத்ததில் உடனே வேலை செய்த ஒரே தாள் அதுதான். மாடு உள்ளே போய்விட்டது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பால் வரவில்லை.

எங்கள் லைன் வீடுகளுக்கெல்லாம் பால் ஊற்றுகிறவள் அஞ்சலை. வடக்குத்துப் பக்கம் டவுன்ஷிப் வேலியைத் தாண்டி ஒரு சின்ன ஊர் அவளுக்கு. அவள் பாலை எனக்குத் தெரியும், அதில் கலந்த தண்ணீரையும் தெரியும். மாட்டை மட்டும் பார்த்ததில்லை. விடிந்து வெகுநேரம் கழித்து, வெறுங்கையோடு, ஒவ்வொரு வாசலாக நின்று விசாரித்துக்கொண்டு வந்தாள்.

"நேத்து காலைலேந்து மாட்டக் காணம்மா. செவல மாடு. வூட்டுல கன்னுக்குட்டி கத்திக்கினே கெடக்குது. யாராவது பாத்தீங்களா?"

ஸ்டெல்லா டீச்சர் விரலை என் வீட்டுப் பக்கம் நீட்டினார்.

அஞ்சலை என் கேட்டுக்கு வந்தாள். "ஏம்மா, படிச்ச பொண்ணுதானே நீ? மாடு தின்னா ரெண்டு அடி போட்டு வெரட்டுவியா, ஜெயில்ல கொண்டு போடுவியா?"

"அது என் தோட்டம்."

"யாரு தோட்டம்? எங்க மாமனார் ஏர் ஓட்டின எடம் இது. நாங்க வூட்டப் பிரிச்சிக்கினு வேலிக்கு அந்தாண்ட போனப்புறந்தான் உனக்குத் தோட்டம் வந்துது. அது எனக்குத் தெரியும். மாட்டுக்கு நான் எப்படிச் சொல்றது?"

என் கோபம் இரண்டு மடங்கானது. ஆனால் அதை யார் மேல் காட்டுவது என்றுதான் புரியவில்லை.

அவள் லைன் முழுக்கக் கேட்கும்படிச் சொன்னாள்: "மாடு வர்ற வரைக்கும் ஒரு சொட்டுப் பால் கெடையாது. எங்க ஊரு பொம்பளைங்க ஒருத்தியும் டவுன்ஷிப்புக்குள்ள ஊத்த மாட்டா!"

காபி இல்லாத ஞாயிற்றுக்கிழமை எப்படி இருக்கும் என்று அன்று பார்த்தேன். நேற்று எனக்காக 'ஐயோ பாவம்' சொன்ன வாய்களெல்லாம் இப்போது என்னையே பார்த்தன. ஒருவர் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து என் கண்முன்னாலேயே அதைக் கொஞ்ச ஆரம்பித்தார். என் வீட்டுக்காரர் கருப்புத் தேநீரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டு, "எனக்கு உன்னைத் தெரியாதுன்னு நேத்தே சொல்லிட்டேன்" என்றார்.

அஞ்சலையும் நானும் பவுண்டுக்கு நடந்தோம். கறக்காத மடி கல்லாக வீங்கி, மாடு கால் மாற்றி மாற்றி நின்று கதறிக்கொண்டிருந்தது.

"புகார் கொடுத்தது நான்தான். வாபஸ் வாங்கிக்கிறேன். திறங்க" என்றேன்.

"வாங்கிக்கலாம்மா, திங்கக்கெழமை" என்றார் வாட்ச்மேன். "ஆபீசர் கையெழுத்து இல்லாம உள்ள வந்த மாடு வெளிய போவாது."

"மடி வெடிச்சுடும் போல இருக்கு, உங்களுக்குக் கண்ணு தெரியலையா?"

"தெரியுதும்மா. தொறந்துட்டா எனக்கு வேல போய்டும். நான் கான்ட்ராக்ட்டு."

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. (அது வேலை செய்யும்போதெல்லாம் ஏதாவது கெடுதல் நடக்கும்.) மாடு வெளியே வரக்கூடாது என்றால், கன்றை உள்ளே கொண்டுவந்தால்? வாட்ச்மேன் யோசித்து, சரி என்றார். அஞ்சலை ஓடிப்போய்க் கன்றைக் கூட்டி வந்தாள். உள்ளே விட்டதும் அது முட்டி முட்டிக் குடித்தது. மாடு கதறலை நிறுத்தியது. எனக்கே அழுகை வந்துவிட்டது.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த நேரம் பவுண்டைக் கணக்கெடுக்கிற மேஸ்திரி சைக்கிளில் வந்தார். உள்ளே நின்ற உருப்படிகளை எண்ணினார், குறித்துக்கொண்டார், போய்விட்டார். வாட்ச்மேன் தலையில் கை வைத்தார்.

"கன்னுக்குட்டியையும் எண்ணிட்டாரேம்மா. இனிமே அதுக்கும் கையெழுத்து வேணும்."

அஞ்சலை என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் துணிவில்லை. "நீ இதுக்கு மேல ஒண்ணும் யோசன பண்ணாத" என்று மட்டும் சொல்லிவிட்டு வேகமாகப் போனாள்.

திரும்பி வந்தபோது அவள் பின்னால் லுங்கி கட்டிய ஒரு மனிதர், ஒரு கன்னம் மழித்தும் ஒரு கன்னம் நுரையோடும், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். சவரத்தின் நடுவில் எழுப்பி இழுத்து வந்திருக்கிறாள். அவர்தான் அவர்கள் பஞ்சாயத்துப் பிரசிடெண்டு. அப்போதுதான் பஞ்சாயத்துத் தேர்தல் முடிந்திருந்தது. வழி முழுக்க அவரைத் திட்டிக்கொண்டே வந்தாள் அஞ்சலை. "ஓட்டு கேக்க வந்தப்ப என் மாட்டக்கூடத் தடவிக் குடுத்தியே, இப்ப அது ஜெயில்ல நிக்குது பாரு!" அவர் "ஆவட்டும்க்கா, ஆவட்டும்க்கா" என்று தோள் துண்டால் நுரையைத் துடைத்துக்கொண்டார்.

மூவரும் ஆபீசர் பங்களாவுக்குப் போனோம். ஞாயிற்றுக்கிழமை அய்யா யாரையும் பார்ப்பதில்லை என்றார் வாசலில் நின்ற பியூன். "பாக்க வேணாம். நான் இங்கியே குந்திக்கினு இருக்கேன்" என்று பிரசிடெண்டு கேட்டை அடைத்த மாதிரி உட்கார்ந்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் ஆபீசரின் மனைவி பாத்திரத்தோடு வெளியே வந்து ரோட்டைப் பார்த்தார். "பால்காரி இன்னும் வரலையே, நீங்க யாராவது பாத்தீங்களா?"

"வரமாட்டாங்கம்மா. மாடு அய்யா கையெழுத்துக்குக் காத்துக்கினு இருக்குது" என்றார் பிரசிடெண்டு.

அந்த அம்மா உள்ளே போனார். உள்ளே என்ன பேசிக்கொண்டார்களோ, ஆபீசர் பேனாவோடு வெளியே வந்தார். நின்றபடியே கையெழுத்துப் போட்டார், மாட்டுக்கு ஒன்று, கன்றுக்கு ஒன்று. பிறகு, "யார் புகார் கொடுத்தது?" என்று கேட்டார். மூன்று விரல்கள் என்னைக் காட்டின. அதில் ஒன்று பியூனுடையது.

"இனிமே யோசிச்சுப் புகார் கொடுங்கம்மா."

"சார், எங்க கேட்டுத் தாழ்ப்பாள்…"

"அதுக்குத் தனியா எழுதிக் கொடுங்க."

எனக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை எரிந்தது. திரும்பும்போது பிரசிடெண்டைக் கேட்டேன்: "ஒரு மாட்டுக்காகவா பாதி சவரத்துல எழுந்து வந்தீங்க?"

"வராம? இந்தக்கா ஓட்டு ஒண்ணுதான்னு நெனைக்காதீங்க. அந்தத் தெருவே இவங்க சொல்றவனுக்குத்தான் போடும்" என்றார். பிறகு என்னிடம், "உங்க பக்கத்துல யாரு மெம்பருங்க?" என்று சாதாரணமாகக் கேட்டார்.

யாரும் இல்லை. டவுன்ஷிப்பில் தேர்தலே கிடையாது, எல்லாம் கம்பெனிதான். அஞ்சலையின் ஊரில் மண்ரோடு, குழாய்க்கு அடிதடி, மழை வந்தால் விளக்கு அணைந்துவிடும். ஆனால் அஞ்சலை ஒரு குரல் கொடுத்தால் நுரையோடு ஓடிவர ஓர் ஆள் இருந்தார். எனக்கு ரோடு இருந்தது, தண்ணீர் இருந்தது, விளக்கு இருந்தது. கொடுத்தவர்களை நான் தேர்ந்தெடுக்கவில்லை. அதனால் கொடுக்காதபோது திட்டவும் முடியவில்லை. நல்ல வீட்டில் விருந்தாளியாக வைத்திருந்தார்கள். எத்தனை நாள்தான் விருந்தாளியாகவே இருப்பது? இதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

மாடும் கன்றும் வீடு போய்ச் சேர்ந்தன. பால் வந்தது. எனக்கு மட்டும் கொஞ்ச நாளைக்குத் தண்ணீர் கூடுதலாக வந்தது. அதை மட்டும் நான் எழுதிக் கொடுக்கவில்லை.

இவர் ரிட்டையர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு வடக்குத்தில் மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டோம். சொந்த ஊருக்குப் போகலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். நான்தான் பிடிவாதமாக மறுத்தேன். உள்ளாட்சித் தேர்தலில் முதல் முறையாக ஓட்டுப் போட்டேன். விரல் மை அழியும் முன்பே, தெருச் சாக்கடைக்காக வார்டு மெம்பர் வீட்டு வாசலில் போய் நின்றேன். அன்று தொடங்கியது, இன்னும் நின்றபாடில்லை. நான் வீட்டுப் படியிறங்கியதும் இவர் அந்த மெம்பர் பையனுக்குப் போன் போட்டுவிடுகிறார். பிள்ளைகள் அதை அப்படியே நடித்துக் காட்டிச் சிரிக்கிறார்கள்: "தம்பி, அம்மா கெளம்பிட்டாங்க. வாசல்ல ஒரு நாற்காலி போட்டு வைப்பா. நின்னுக்கிட்டே திட்டினா அவங்களுக்கு முட்டி வலிக்கும்."

நாற்காலி போட்டிருக்கிறது. காபியும் கொடுக்கிறார்கள். குடித்து முடித்துவிட்டுத்தான் ஆரம்பிப்பேன்.