கோப்புச் சித்தரின் முட்டை

தெய்வம் இதுவரை செய்யாமல் வைத்திருந்தது ஒரே ஒரு வேலைதான்: அரசாங்கக் கோப்பைப் பைசல் பண்ணுவது. எழுபத்து மூன்றாம் வருஷக் கோடையில் அதையும் ஒப்புக்கொண்டுவிட்டது என்று செங்கல்பட்டு முழுக்க ஒரே பேச்சு.

கோவளத்தைத் தாண்டி மாமல்லபுரம் போகிற வழியில், கடல் மணலில் ஓர் ஓலைக் கொட்டகை. உள்ளே புலித்தோல் மேல் உட்கார்ந்திருப்பவர் கோப்புச் சித்தர். கிட்டே போய்ப் பார்த்தால் அது புலித்தோல் இல்லை, கோடு போட்ட போர்வை. யார் கிட்டே போய்ப் பார்க்கிறார்கள்? பதவி உயர்வா, மாற்றலா, விசாரணையா, எதுவானாலும் நாட்டுக்கோழி முட்டை ஒன்று கொண்டுவர வேண்டும். சித்தர் அதைப் பானைத் தண்ணீரில் விடுவார். மிதந்தால் மேலிடத்துச் சம்மதம். முழுகினால் நிராகரிப்பு. அவ்வளவுதான் நிர்வாகம்!

வெளியே சர்க்கார் ஜீப்புகள் வரிசை கட்டி நின்றன. வீட்டில் வெங்காயம்கூடச் சேர்க்காத ஆபீசர்கள் கைக்குட்டைக்குள் முட்டையைப் பொத்திக்கொண்டு, உடையாமல் பதவிசாக நகர்ந்தார்கள். எழுத்தறியாத ஜனங்கள் என்று நினைத்துவிடாதீர்கள் ஐயா. எல்லாம் பரீட்சை எழுதித் தேறி வந்த தலைகள்.

இந்த வரிசையில் ஒருநாள் ஒரு கமிட்டியே வந்து நின்றது.

விஷயம் இதுதான். அந்தக் கரையோரத்துக்கு ஒரே ஒரு குடிநீர்க் குழாய்க்கிணறு வந்திருந்தது. மீனவர் குப்பத்து மேட்டில் போடுவதா, பெரிய மனிதர் தாண்டவராயனின் சவுக்குத் தோப்பில் போடுவதா? இரண்டு இடத்திலும் பூமிக்கடியில் நல்ல தண்ணீர் உண்டு என்று சோதித்தாகிவிட்டது. குப்பத்தின் பழைய கிணறு உப்பு. அதைக் குடித்துக் குடித்துக் குழந்தைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துக் கிடந்தன. தாண்டவராயன் வீட்டில் நல்ல கிணறு இருந்தது. தோப்புக்கும் ஒன்று இருந்தால் நல்லதுதானே என்பது அவர் ஆசை.

ஒரு குழந்தைகூடப் பைசல் பண்ணிவிடும். ஆனால் இது நிபுணர் கமிட்டி ஆயிற்றே! தலைவர் சிவப்பிரகாசம், ஓய்வு பெற இன்னும் கொஞ்ச நாளே உள்ள அதிகாரி. உறுப்பினர் பேராசிரியர் காசிநாதன். 'முடிவெடுப்பது எப்படி' என்று அமெரிக்காவில் ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியவர். மீனா கோழியா என்று முடிவெடுக்க முடியாமல் இரண்டையும் சாப்பிடுகிறவர். இன்னோர் உறுப்பினர் வச்சலா, கல்லூரியில் பொது நிர்வாகம் நடத்தும் விரிவுரையாளர். வாய் ஜாஸ்தி என்று பெயர் எடுத்தவள்.

மாமல்லபுரம் பங்களாவில் கூட்டம் மேல் கூட்டம் போட்டார்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் வடை தீர்ந்தது, விஷயம் தீரவில்லை.

"சித்தர்கிட்ட விட்டுடலாம்" என்றார் சிவப்பிரகாசம். "நமக்குப் பொல்லாப்பு இல்லே பாருங்க. நாளைக்கு எவனாவது தப்புன்னு சொன்னா, கடவுளுக்கா மெமோ குடுப்பான்?"

"பிரமாதம் சார்!" என்றார் காசிநாதன். "மரபு வழி முடிவெடுத்தல்னு ஒரு கட்டுரையே எழுதிடலாம்."

வச்சலா சிரித்தாள். "எழுதுங்க சார். நானும் கூட வந்து பாக்குறேன்."

குப்பத்தின் சார்பில் ஆதியம்மாள் வந்திருந்தாள். மீன்கூடையை வாசலில் இறக்கிவிட்டு, மஞ்சள் தடவிய முட்டையோடு உள்ளே நுழைந்தாள். அவள் பேரப்பிள்ளை அன்றைக்கும் எழுந்திருக்கவில்லை. தாண்டவராயன் குங்குமம் வைத்த முட்டையோடு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார்.

சித்தர் முன்னால் இரண்டு பானைகள். கண்ணை மூடினார், உறுமினார், உடம்பை உதறினார். குங்கும முட்டையை வலப்பக்கப் பானையில் விட்டார். ஜம்மென்று மிதந்தது. மஞ்சள் முட்டையை இடப்பக்கப் பானையில் விட்டார். கல் மாதிரி அடியில் போய்ப் படுத்தது.

"ஆகா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டது கூட்டம். சிவப்பிரகாசம் பேனாவைத் திறந்தே விட்டார்.

ஆதியம்மாள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "இன்னா சாமி இது? எங்க புள்ளைங்க துடிச்சிகினு கீதுங்க, உனுக்குக் கண்ணு தெரியலியா?"

"மகளே, அது போன ஜென்மத்து வினை" என்றார் சித்தர், கனிவாக.

வச்சலாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "சார், கொஞ்சம் பேனாவை மூடுங்க. ரெண்டு பேர் போட்டி போட்டா ஒரே பரீட்சைதானே வைக்கணும்? இங்கே எதுக்கு ரெண்டு பானை?"

சித்தர் விழித்தார். "அது... வலது பானை சூரியன், இது சந்திரன்."

"சரி, சந்திரன் முட்டை கொஞ்சம் சூரியனையும் பாத்துட்டு வரட்டும்."

"தொடாதே! சாமி குத்தம்!"

அதற்குள் அவள் வளையலை மேலே தள்ளிக்கொண்டு இடப்பக்கப் பானையில் கையை விட்டாள். மஞ்சள் முட்டையை எடுத்தாள், வலப்பக்கப் பானையில் போட்டாள். முழுகின முட்டை மிதந்தது! மிதந்த குங்கும முட்டையை இடப்பக்கப் பானையில் போட்டாள். அது முழுகிற்று. கூட்டம் எழுந்து பானைகளை எட்டிப் பார்த்தது.

"சுவாரசியமான முரண்பாடு" என்று முணுமுணுத்தார் காசிநாதன்.

"முரண்பாடும் இல்லே, மண்ணும் இல்லே சார்." வச்சலா வலப்பக்கப் பானையிலிருந்து ஒரு டம்ளர் மொண்டு சிவப்பிரகாசத்திடம் நீட்டினாள். "தீர்த்தம். வேண்டாம்னு சொல்லக்கூடாது."

அவர் பயபக்தியோடு ஒரு மடக்குக் குடித்தார். மறுநிமிஷம் முகம் கோணி, தூ தூவென்று தாண்டவராயனின் வேட்டியிலேயே துப்பினார்.

"உப்பு! ஐயோ, வாயெல்லாம் எரியுதே!"

கூட்டம் சித்தர் மேல் பாய்ந்தது. ஜடையைப் பிடித்து இழுத்தால் அது கையோடு வந்தது. உள்ளே கிராப்புத் தலை.

"அடிக்காதீங்க அண்ணாத்த!" என்று அலறினார் மகான். தேவபாஷை எல்லாம் எங்கேயோ ஓடிப்போயிற்று. "நான் கேளம்பாக்கம் உப்பளத்துல வேலை செஞ்சவன். உப்புத் தண்ணி கெட்டியா இருந்தா முட்டை மெதக்கும், அவ்ளோதான். துட்டு குடுத்தவனுக்கு அந்தப் பானை. தோ, தாண்டவராயன்தான் நேத்து குடுத்தாரு!"

தாண்டவராயன் ஈர வேட்டியோடு ஜீப்புக்குப் பின்னால் நழுவப் பார்த்தார். மடக்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

சிவப்பிரகாசம் இன்னும் துப்பிக்கொண்டே இருந்தார். ஆதியம்மாள் எழுந்து அவர் எதிரில் போய் நின்றாள்.

"ஒரு மடக்குக்கே இந்தக் குதி குதிக்கிறியே சாரு. இம்மாம் கெட்டி இல்லன்னாலும் உப்புத் தண்ணியத்தான் எம் பேரன் தெனம் குடிச்சிகினு கீறான். எத்தினி கூட்டம் போட்ட? ஒரு நாளாவது எங்க கெணத்துல ஒரு வாயி மொண்டு குடிச்சுப் பாத்தியா?"

அவர் வாயைத் துடைத்துக்கொண்டார். பிறகு மெல்லக் கேட்டார்: "குப்பத்துக்குன்னு எழுதிடறேன்மா. ஆனா... பின்னால யாராவது கேட்டா, யார் பொறுப்புன்னு சொல்றது?"

"நீதான். சம்பளம் வாங்கறவன் நீ, முட்டையா பொறுப்பு?"

சிவப்பிரகாசம் பேனாவை எடுத்தார். எழுதினார்; தன் பெயரையே எழுதினார். மறு வாரமே குப்பத்து மேட்டில் குழாய் இறங்கிற்று. நல்ல தண்ணீர் வந்தது. அதற்கு எந்த முட்டையையும் கேட்கவில்லை.

படித்த பெரியவர்களே, கடைசியாக ஒன்று. முட்டைக்குள் என்ன இருக்கிறது என்று உடைக்காமலேயே எல்லோருக்கும் தெரியும். உங்கள் தலைக்குள் இருப்பதை மட்டும் ஏன் ஐயா ஒருநாளும் எடுத்துப் பார்க்க மாட்டேன் என்கிறீர்கள்?