வெறுஞ்சாட்டை ராவுத்தர்

"...என்னையும் சேத்துத்தான் சொல்றேன் தாயி, இந்த ஊர்ல ஒருத்தரையும் நம்பாத. எவனாச்சும் நைசா வந்து எந்த ஊருன்னு கேப்பான், சொல்லிராத. அது கெடக்கட்டும், நீ எந்த ஊரு?"

மதுரை ரயிலடியில் இறங்குகிறவர்களை இப்படி வரவேற்க ஒருவர் இருந்தார். முன்பின் தெரியாதவரை நம்பாதே என்று சொல்லிச் சொல்லியே, முன்பின் தெரியாத அத்தனை பேருக்கும் ஒத்தாசை செய்த மனிதர் இந்தப் பூமியிலேயே அவர் ஒருவராகத்தான் இருக்கவேண்டும். கோரிப்பாளையத்துக்காரர், முன்னாளில் ஜட்கா ஓட்டியவர் என்பதற்கு மேல் அவரைப் பற்றி யாருக்கும் தெரியாது. ஊர் அவருக்கு வைத்த பெயர் வெறுஞ்சாட்டை ராவுத்தர்.

பெயர் வந்த கதை இதுதான். அவருடைய குதிரை வயதாகிச் செத்துப்போனது. வண்டி கைமாறிவிட்டது. சாட்டை மட்டும் அவரிடம் தங்கிவிட்டது. வேறு ஒருவராக இருந்தால் வேறு பிழைப்பைப் பார்த்திருப்பார். இவரோ மறுநாளும் அதே தலைப்பாகையோடு, கையில் சாட்டையோடு ஜட்கா வரிசையில் வந்து நின்றுவிட்டார். முன்னால் ஒரு வண்டி, பின்னால் ஒரு வண்டி, நடுவில் ராவுத்தர். வரிசை நகர்ந்தால் அவரும் நகருவார்.

"என்ன ராவுத்தரே, குதிரையக் காணோம்?"

"குளிக்கப் போயிருக்கு மாப்ள. நீயும் என்னைக்காச்சும் போய்ட்டு வா."

இதோடு நின்றிருந்தால்கூட ஊர் பொறுத்திருக்கும். தெருவில் நடக்கும்போதும், இல்லாத குதிரையோடு ஓயாமல் பேசிக்கொண்டே போவார். "ஹை, ஓரம் ஓரம், முன்னால மாடு வருது. அங்கிட்டுப் பள்ளம், பாத்துக் கால வையி." வாயும் சாட்டையும் ஓய்வதில்லை. குதிரை செத்ததில் மனுசனுக்குத் தலை கலங்கிவிட்டது என்று மாசி வீதி முதல் செல்லூர் வரை எல்லோரும் தீர்மானித்துவிட்டார்கள்.

ஊர் பார்க்க வந்த ஒரு புதுமாப்பிள்ளை, அவர் சொன்ன எச்சரிக்கையைக் கேட்டு, பெண்டாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு அடுத்த ரயிலிலேயே விருதுபட்டிக்குத் திரும்பிவிட்டான் என்று சொல்வார்கள். ஒருநாள் போலீஸ் ஏட்டே வந்து அவரை மறித்தாராம்.

"யோவ், வர்ற சனத்தையெல்லாம் ஏன்யா இப்படி மெரட்டுற? நாங்க எதுக்கு இருக்கோம்?"

"நீங்க இருக்கீக, சரி. ஒங்க தொப்பி எங்க இருக்கு ஏட்டய்யா?"

ஏட்டு திரும்பிப் பார்த்தார். பெஞ்சில் கழற்றி வைத்த தொப்பியை ஒரு வெள்ளாடு மோந்து பார்த்துக்கொண்டிருந்தது.

நான் அவரைச் சந்தித்த நாளைச் சொல்கிறேன். இரண்டாவது உலகச் சண்டை வருவதற்குக் கொஞ்ச காலம் முந்தி. கல்யாணமாகிப் பிறந்த வீட்டில் இருந்தேன். வீட்டுக்காரருக்குச் செல்லூரில் ஒரு தறிக்காரரிடம் பாவு விரிக்கும் வேலை. குடித்தனத்துக்கு வீடு பார்த்துவிட்டேன், அனுப்பி வையுங்கள் என்று ஆள் மூலம் சொல்லிவிட்டார். பெரியப்பா என்னை ரயிலேற்றிவிட்டார். இன்ன நாள் வருகிறாள் என்று சொல்லப் போன எங்கள் ஊர்ச் சந்தைக்காரர் ஒருவர் ஒரு நாள் தள்ளிச் சொல்லிவிட்டார். அது எனக்கு எப்படித் தெரியும்? இறங்கிப் பார்த்தால் ரயிலடியில் உலகத்து ஆண்பிள்ளைகள் எல்லோரும் நிற்கிறார்கள், என்னுடையவரைத் தவிர.

மத்தியான வெயில். இடுப்பில் துணி மூட்டை, கையில் தகரப்பெட்டி. அப்போதுதான் தூணுக்கு அந்தப் பக்கம் பார்த்தபடி ஒருவர் இந்த உபதேசத்தை ஆரம்பித்தார். என்னிடம் பேசுகிறார் என்று புரியவே எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"எங்க போகணும் தாயி?"

"செல்லூரு. வாசல்ல வேப்ப மரம் இருக்கும்."

"வேப்ப மரம் இல்லாத வீடாச் சொல்லு, சட்டுன்னு கண்டுபுடிச்சிரலாம். வீட்டுக்காரர் பேரு?"

புருசன் பேரை நான் எப்படிச் சொல்லுவேன்? தலையைக் குனிந்துகொண்டேன். "சித்திரையில ஆத்துல எறங்குற சாமி பேரு" என்றேன்.

"அழகரா? அப்படிச் சொல்லு." (ராவுத்தர் சொன்னதைத்தான் எழுதுகிறேன். நானாக இன்றைக்கும் எழுதமாட்டேன்.)

"சரி, கெளம்பு" என்றார். நான் நகரவில்லை. ஊரில் என் அம்மா சொல்லி அனுப்பியது ஒன்றே ஒன்று. வழியில் அந்நிய ஆம்பளையோடு நடந்து வந்தாள் என்று ஒரு சொல் எழுந்துவிட்டால், அந்த வீட்டில் உனக்கு வாழ்வு இல்லை. என் நாத்தனார் ஒருத்தி அதைவிடச் சின்னச் சொல்லுக்கே பிறந்த வீட்டில் வந்து உட்கார்ந்திருந்தாள்.

தகரப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டேன். அவருக்குப் புரிந்துவிட்டது. இப்போதும் என் பக்கம் திரும்பவில்லை.

"நீ என்கூட வரவேணாம் தாயி. நான் பாட்டுக்கு முன்னால போறேன், நீ பாட்டுக்குப் பின்னால வா. நான் குதிரைகிட்டப் பேசுறேன், நீ காதுல வாங்கிக்க. என்னையக் கிறுக்கன்னு ஊருக்கே தெரியும். ஒன்னைய ஒருத்தரும் பாக்க மாட்டாக."

பிற்பாடு ஊர் சொன்ன கதையைக் கேட்டபோது எனக்கு விளங்கிவிட்டது. அப்படியானால் இத்தனை காலமும் அவர் பேசியது முன்னால் போகும் குதிரையோடு அல்ல. பின்னால் நடக்கும் பெண்களோடு.

நடந்தோம். அவர் நாலு வீடு முன்னால், நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பின்னால். "ஹை, இங்கன சாக்கடை, தாண்டி வா... ஏய் குதிரே, பசிக்குதா? சிம்மக்கல்லுத் தாண்டுனதும் தண்ணிப் பந்தல் இருக்கு, குடிச்சுக்க." பந்தலில் நான் மோர் குடித்து முடிக்கும்வரை தெருமுனையில் நின்று, குதிரை பிடிவாதம் பிடிக்கிறது என்று போகிறவர் வருகிறவரிடம் முறையிட்டுக்கொண்டிருந்தார்.

யானைக்கல் பக்கத்தில் ஒருத்தன் என்னை ஒட்டிக்கொண்டு வந்தான். சலவைச் சட்டை, வகிடெடுத்த தலை. வாயில் தேன்.

"தங்கச்சி, செல்லூருக்கா? ஒங்க வீட்டுக்காரர எனக்கு நல்லாத் தெரியும். அவருதான் அனுப்புனாரு. இப்படிச் சந்துக்குள்ள போனா சீக்கிரம் போயிறலாம்."

உண்மையைச் சொல்கிறேன், ராவுத்தரைவிட அவனைத்தான் பார்க்க மரியாதையாக இருந்தது. அழுக்குத் தலைப்பாகை எங்கே, சலவைச் சட்டை எங்கே! ஒரு கால் அந்தச் சந்துப் பக்கம் திரும்பியும் விட்டது.

முன்னால் சாட்டை சுளீரென்றது. "ஏ குதிரே! கண்ட புல்லுல வாய வைக்காத! பேரக் கேளு! மொதல்ல பேரக் கேளு!"

"அவுக பேரு என்னன்னு சொல்லுங்க" என்றேன் அவனிடம்.

"மு... முருகேசன்தான?"

முக்காட்டோடு ஓடாத குறையாக நடந்தேன். அவன் சந்துக்குள் போய்விட்டான். ராவுத்தர் அப்போதும் திரும்பவில்லை. "நல்ல குதிரை" என்று மட்டும் ஆகாயத்தைப் பார்த்துச் சொன்னார்.

கல்பாலம் தாண்டிச் செல்லூருக்குள் போனோம். ராவுத்தர் ஒவ்வொரு வேப்ப மரத்தடியிலும் நின்று "அழகர் வீடு எது?" என்று குதிரையைக் கேட்பார். குதிரைக்குப் பதிலாகத் தெரு சொல்லும். ஒருவழியாக வீடு கிடைத்தது. பூட்டிக் கிடந்தது. நான் வாசற்படியில் உட்கார்ந்தேன். அவர் எதிர்ச்சுவர் ஓரமாக, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஒப்படைக்காமல் போவதாக இல்லை.

வெயில் தாழ என் வீட்டுக்காரர் வந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தில் சந்தோசம் வரவில்லை, திகைப்புத்தான் வந்தது. தெருவில் நீளமாகப் பாவு விரித்து நூலை நீவிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"நாளைக்கில்ல வர்றதாச் சொன்னாக? தனியாவா வந்த? யாரு கூட வந்த?"

யாரு கூட. அந்த இரண்டு வார்த்தைக்குத் தெருவே பதிலை எதிர்பார்த்து நின்றது.

எதிர்ச்சுவரில் சாட்டை சுளீரென்றது. ராவுத்தர் எழுந்து நின்று, தரையைப் பார்த்துக் கத்த ஆரம்பித்தார். "எந்திரி! எந்திரிங்கிறேன்! ஊரான் வீட்டு மரத்து நெழல்ல என்ன தூக்கம்? கூட்டியாந்ததே தப்பு! அம்புட்டுக் கொள்ளும் தின்னுட்டு அழிச்சாட்டியமா பண்ணுற? இந்தா, இந்தப் பாவு வழியா நடந்த, தோல உரிச்சிருவேன்!"

பாவுக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "ராவுத்தரே, பாவுக்குக் குறுக்க விட்றாதீக, நூலு அத்துரும்!" என்று ஒருத்தர் கையெடுத்துக் கும்பிட்டார். இல்லாத குதிரைக்காக நூலை ஓரமாகத் தூக்கியும் பிடித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்துவிட்டார். கேட்ட கேள்வி அந்தச் சிரிப்பில் கரைந்துபோனது.

"வழி கேட்டுக் கேட்டு வந்தேன்" என்றேன். பொய் இல்லை. அவர் என் பெட்டியை வாங்கிக்கொண்டு கதவைத் திறந்தார். அதற்குள் ராவுத்தர் தெருமுனை தாண்டிவிட்டார். ஒருதரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ தடவை குழாயடியில் யாராவது "ஹை, ஓரம் ஓரம்" என்று அவரைப் போல நடித்துக் காட்டுவார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். ஒருநாள் மேலத்தெரு மருமகள் ஒருத்தி மட்டும் சிரிக்காமல் குடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் சிரிக்கவில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவ்வளவுதான். வாயைத் திறந்தால் அவர் எங்களுக்காகக் கட்டிக்கொண்ட கிறுக்குப் பட்டம் வீணாகிவிடும். அன்றைக்குத்தான் எனக்குத் தோன்றியது, இந்த ஊரில் இப்படிச் சிரிக்காத பெண்கள் எம்புட்டுப் பேர் இருப்பார்களோ என்று.

இப்போதெல்லாம் பஸ் நிலையத்தில் இறங்குகிறேன். விளக்கு இருக்கிறது, போலீஸ் இருக்கிறது, ஒலிபெருக்கி இருக்கிறது. ஜாக்கிரதை ஜாக்கிரதை என்று அதுவும்தான் கத்துகிறது. கத்திவிட்டு முன்னால் நடந்து வழி காட்டுமா? கூட்டத்துக்கு நடுவில் என் காது மட்டும் இன்னமும் ஒரு சாட்டைச் சத்தத்தைத் தேடுகிறது.

கடைசியாக அவரைப் பார்த்தது சண்டைக் காலத்தில், மண்ணெண்ணெய்க்கு வரிசை நின்ற நாட்களில். ரயிலடி முழுக்கப் பட்டாளத்தார். வீட்டுக்காரர் டிக்கெட் எடுக்கப் போயிருந்தார், நான் பிள்ளையோடு நின்றேன். தூணுக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு அதே குரல், கொஞ்சம் தளர்ந்து, "இந்த ஊர்ல ஒருத்தரையும்..." என்று ஆரம்பித்தது. அவருக்கு என்னை அடையாளம் தெரியாது. என் முகத்தை அவர் பார்த்ததே கிடையாதே.

"அண்ணே, நான் செல்லூரு. பாவு விரிச்ச தெரு. அன்னைக்குக் குதிரைக்குப் பின்னால வந்தேன்" என்றேன்.

அவர் பேச்சு நின்றது. பிறகு தூணிடம் கேட்பதுபோல மெல்லக் கேட்டார்.

"அன்னைக்கு... ஒன்னைய உள்ள கூப்புட்டுக்கிட்டாகளா தாயி?"

திரும்பிப் பார்க்காமல் போன மனிதர், அந்தக் கேள்வியை இத்தனை வருசமும் சுமந்துகொண்டு நின்றிருக்கிறார்.

"கூப்புட்டுக்கிட்டாக அண்ணே. இது எங்க பய."

ராவுத்தர் சாட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். இரண்டு கைகளையும் ஏந்தி மேலே பார்த்து ஏதோ முணுமுணுத்தார். பிறகு அந்த உள்ளங்கைகளால் தன் முகத்தை நிதானமாகத் தடவிக்கொண்டார்.