நான் கேட்காத ஹைக்

கல்ஃபில் கம்பெனி எதையாவது சும்மா கொடுத்தால் சந்தோஷப்படக் கூடாது. முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். பிறகு ஏன் கொடுத்தார்கள் என்று யோசிக்க வேண்டும். கேக் கொடுத்தால் யாரையோ ஊருக்கு அனுப்புகிறார்கள். புதுத் தலையணை கொடுத்தால் நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷன். எனக்கு ஒருநாள் டீ ஷர்ட் ஒன்று, அரைக்கால் சட்டை ஒன்று, ஷூ ஒரு ஜோடி, சாக்ஸ் இரண்டு ஜோடி கொடுத்தார்கள். ஐந்து உருப்படி. (ஷூவையும் சாக்ஸையும் ஒற்றையாக எண்ணினால் எட்டு.) இன்னொரு தடவை எண்ணிப் பார்த்தேன்.

அப்போது எனக்கு ஐம்பத்தொன்பது வயது. துபாய் அல் கூஸில் ஏசிக்குக் காற்றுக் குழாய் (டக்ட்) செய்யும் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். விசா முடிய மூன்று மாதம்தான் பாக்கி. அறுபதைத் தொடும் ஆளுக்கு விசா அடிப்பதும் அடிக்காததும் கம்பெனியின் மனசு. ஊரில் மகள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். முடிக்க இன்னும் இரண்டு வருஷம். ஆகவே எனக்கு வேண்டியதும் இரண்டே வருஷம். அந்த நேரத்தில்தான் இந்த எட்டு உருப்படி.

டீ ஷர்ட்டின் முதுகில் ‘ரூக்கி’ என்று எழுதியிருந்தது. ஏசி டெக்னீஷியன் ஜெரினிடம் காட்டினேன். குளச்சல் பக்கத்துப் பையன், இங்கிலீஷ் நன்றாக வரும்.

“புதுப் பையன்னு அர்த்தம் அண்ணாச்சி.”

“இருவத்தாறு வருசமா இங்க கெடக்கேன். நானாலே புதுப் பையன்?”

“வெளையாட்டுக்குப் புதுசுன்னு சொல்லுதாவ.”

விஷயம் இதுதான். புதிதாக வந்திருந்த அமெரிக்க மேனேஜர் டென்னிஸுக்குத் தன் ஊர் ஃபுட்பால் ஆசை. காலால் உதைக்காமல் கையால் எறியும் ஃபுட்பால். (பெயரிலேயே எனக்குச் சந்தேகம்.) ஒருவரை ஒருவர் இடித்துத் தள்ளாமல், பந்து வைத்திருப்பவனின் இடுப்பில் தொங்கும் நாடாவைப் பிடுங்கி ஆட்டத்தை நிறுத்தும் சாதுவான வகை. கம்பெனிகளுக்குள் போட்டி வருகிறது, நாமும் டீம் போடுகிறோம், ஞாயிற்றுக்கிழமைகளில் ட்ரெயினிங் கேம்ப் என்று அறிவித்தார்.

கேம்ப் என்றால் அமெரிக்காவில் என்னவோ, அல் கூஸில் ஒரு அறைக்கு எட்டுப் பேர் படுக்கிற இடம். நான் ஸ்டாஃப் ரூமில் மூன்று பேரோடு இருந்தவன். ‘கேம்ப்புக்கு வரவும்’ என்று மெசேஜ் வந்ததும், அறையைப் பறிக்கிறார்கள் என்று குக்கரைத் துணியில் சுற்றிக் கட்டி வைத்துவிட்டேன். ஜெரின் வந்து அவிழ்த்தான்.

டென்னிஸ் எனக்குக் கொடுத்த பதவி குவார்ட்டர்பேக். “உனக்கு எல்லா பார்ட் நம்பரும் மனப்பாடம். இந்த ஆட்டத்துக்கு அந்த மூளைதான் வேண்டும். ஓட வேண்டாம், நின்று எறிந்தால் போதும்” என்றார். மற்றவர்கள் கைதட்டினார்கள். ஏன் தட்டினார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை.

அன்று ஊருக்கு போன் செய்தேன்.

“என்னைய குவார்ட்டர்பேக் ஆக்கியிருக்காவ.”

மறுமுனையில் டி.வி.யை அணைப்பது கேட்டது.

“குவார்ட்டரா?” என்றாள் என் மனைவி.

“குவார்ட்டர் இல்லட்டி. குவார்ட்டர்பேக்.”

“அத பேக்குல வேற போட்டுக் குடுக்காவளா? பேரன் எடுக்கப் போற வயசுல நல்லாத்தான் இருக்கு!”

அதற்குப் பிறகு நான் பேசும்போது நாக்கு குழறுகிறதா என்று பத்து நாள் காது கொடுத்துக் கேட்டாள்.

நான் படுத்தபடி கணக்குப் போட்டேன். இவ்வளவு இளவட்டங்கள் இருக்க என்னை ஏன் எடுத்தார்கள்? கீழே விழுவேன். ‘உடம்பு லாயக்கில்லை’ என்று எழுதுவார்கள். விசா கிடையாது. சதி பட்டப்பகல் போலத் தெரிந்தது. ஆகவே மூன்று முடிவுகள் எடுத்தேன்: விழக் கூடாது, ஓடக் கூடாது, பந்தைத் தொலைக்கக் கூடாது.

மூன்றாவது முடிவில்தான் டென்னிஸுக்கும் எனக்கும் தகராறு. பந்து பெரிய பலாக்கொட்டை மாதிரி இருக்கும். கிரேன் ஓட்டும் சிங் எனக்கு முன்னால் குனிந்து நிற்பார். நான் “ஹைக்!” என்று கத்தியதும் தன் கால்களுக்கு நடுவே பந்தைப் பின்னால் தள்ளுவார். நான் மனசுக்குள் மூன்று எண்ணிவிட்டு எறிய வேண்டும். எங்கே? ஜெரின் நிற்கும் இடத்துக்கு அல்ல. அவன் ஓடி வந்து சேரப் போகும் இடத்துக்கு.

அதாவது, ஆள் இல்லாத இடத்துக்கு!

நான் ஸ்டோர் கீப்பர். ஆள் நேரில் வந்து, சீட்டைக் காட்டி, கையெழுத்துப் போட்டால்தான் ஒரு ஸ்க்ரூ வெளியே போகும். பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். எதிர் டீம் வந்து நிதானமாக நாடாவை உருவிக்கொண்டு போனது.

“அண்ணாச்சி, நான் கரெக்டா அங்க வந்துருவேன். நம்பி எறியுங்க!”

“போன மாசம் ட்ரில் பிட்டு வாங்கும்போதும் நாளைக்கே தாரேம்னு சொன்ன. வந்துச்சாலே?”

முதல் ஞாயிறு நான் எறிந்தது பூஜ்யம். இரண்டாம் ஞாயிறு நான்கு. அதில் ஒன்று ஜெரின் கையில், ஒன்று சிங்கின் தலைப்பாகையில். மூன்றாம் ஞாயிறு ஜெரின் ட்ரில் பிட்டைத் திருப்பிக் கொடுத்தான். அன்று ஏழு எறிந்து ஐந்து பிடித்தோம். டென்னிஸ் என்னைக் கட்டிப்பிடித்தார். (பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.)

ஒன்றே ஒன்றுதான் வரவில்லை: சத்தம். எங்கள் கம்பெனியில் சம்பள உயர்வுக்கு எல்லா பாஷையிலும் ஒரே பெயர், ஹைக். அது வந்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. அந்த வார்த்தையை நாங்கள் கக்கூஸில்கூட மெதுவாகத்தான் சொல்வோம். டென்னிஸோ, “சத்தமாக! மனசார வேண்டும் என்பது போல!” என்று கத்துவார். விசாவுக்குக் காத்திருக்கும் ஆளை, திறந்த மைதானத்தில், மனசார ஹைக் என்று கத்தச் சொல்கிறார். எங்காவது ரெக்கார்ட் ஆகிறதோ என்று பார்த்துக்கொள்வேன்.

நான்காம் ஞாயிறு சாயங்காலம், முதலாளியே ஆட்டம் பார்க்க வந்தார். அர்பாப் என்போம். லேபர் கேம்ப்புக்குப் பின்னால் பஸ் நிறுத்தும் மணல் வெளிதான் மைதானம். அவருக்கு வெள்ளை உறை போட்ட நாற்காலி, கஹ்வா என்கிற அரபிக் காபி, பேரீச்சம்பழம். கேம்ப்பின் மூன்று மாடி வராந்தாவிலும், காயப்போட்ட துணிகளுக்கு நடுவே தலைகள். இருநூறு வரை எண்ணினேன். அதற்குள் சிங் குனிந்துவிட்டார்.

“சத்தமாக!” என்றார் டென்னிஸ்.

கண்ணை மூடி மகளை நினைத்துக்கொண்டு கத்தினேன். “ஹைக்!”

இருபத்தாறு வருஷத்தில் என் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வந்ததில்லை. மாடியில் சாப்பாட்டுத் தட்டுகளின் சத்தம்கூட நின்றுவிட்டது. பிறகு மூன்றாம் மாடியிலிருந்து ஒரு குரல், “ஹைக்!” பக்கத்திலிருந்து இன்னொன்று. அப்புறம் தட்டில் கரண்டியால் தாளம் போட்டு மொத்தக் கேம்ப்பும், “ஹைக்! ஹைக்! ஹைக்!”

இந்த ஊரில் இருநூறு பேர் ஒரே வார்த்தையைச் சேர்ந்து கத்தினால் அதற்கு ஃபுட்பால் என்று பெயர் இல்லை, ஸ்ட்ரைக் என்று பெயர். கேம்ப்பைக் கட்டி மேய்க்கும் கேம்ப் பாஸ் ரஃபீக் பாய் ஓடி வந்தார். “அரே, க்யா ஹோ கயா?” கும்பலுக்கு முன்னால் நின்ற என்னைப் பார்த்து நெஞ்சில் கை வைத்தார். “ஸ்டோர்வாலா... தும்?” வாசல் கேட்டைப் பூட்டச் சொல்லி போனில் கத்தினார்.

அர்பாப் எழுந்துவிட்டார். “என்ன கேட்கிறார்கள்?”

டென்னிஸ் பூரித்துப் போய்ச் சொன்னார்: “ஹைக் சார்! எல்லாரும் ஹைக்! என்ன ஒரு டீம் ஸ்பிரிட்!”

சிங் தள்ளிய பந்து கையில் இருப்பதால்தான் இந்த வினை என்று தோன்றியது. யார், எங்கே என்று பார்க்காமல் வீசி எறிந்தேன். ஆள் இல்லாத இடத்துக்குப் போன பந்து, போய்ச் சேரும்போது அங்கே ஜெரின் இருந்தான். பிடித்தான், ஓடினான், கோட்டைத் தாண்டினான். என் வாழ்நாளின் ஆகச் சிறந்த எறி. கேம்ப் இன்னும் இரண்டு மடங்கு சத்தத்தில் “ஹைக்!” என்றது.

“கலாஸ்” (முடிந்தது) என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அர்பாப் காரில் ஏறினார். கஹ்வா அப்படியே இருந்தது. நான் அறைக்குப் போய்க் குக்கரை மறுபடியும் கட்டினேன்.

மறுநாள் காலை எச்.ஆர். மேனேஜர் கூப்பிட்டார். “உக்காருங்க” என்றார். இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவை. தண்ணீர் பாட்டில் கொடுத்தார். (சும்மா!) முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

“உங்க கீழ எத்தன பேரு?”

“ஒரு ஹெல்பர் சார்.”

“ஸ்டோர்ல கேக்கல.” குரலைத் தாழ்த்தினார். “கேம்ப்ல.”

எனக்குப் புரியவில்லை. அவரே தொடர்ந்தார்: “உங்கள இப்ப ஊருக்கு அனுப்புனா அவங்க சும்மா இருப்பாங்களா? நமக்கு எதுக்குப் பிரச்சினை? விசா ரெண்டு வருசம் போட்டாச்சு. கொஞ்சம் அமைதியா இருக்கச் சொல்லுங்க, போதும்.”

சார், அது வெறும் ஆட்டம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். பிறகு அதே வாயால் தண்ணீரைக் குடித்தேன். ஆயுள் முழுவதும் எல்லாரையும் சந்தேகப்பட்ட என்னை, முதல் முறையாக ஒருவர் சந்தேகப்படுகிறார். அதைக் கெடுப்பானேன்?

ஹைக் வரவில்லை. ஆனால் அந்த வாரம் முதல் கேம்ப் மெஸ்ஸில் ஞாயிற்றுக்கிழமை முட்டை ஒன்றுக்கு இரண்டு. ஆட்டத்தில் “ஹைக்”குக்குப் பதில் “யல்லா” (கிளம்பு) என்று கத்தச் சொல்லி உத்தரவு வந்தது. போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்றோம். ஜெரின் மட்டும் என்னை ‘அண்ணாச்சி’ என்பதை விட்டு ‘தலைவரே’ என்று கூப்பிட ஆரம்பித்தான்.

மகள் படித்து முடித்தாள். இப்போது ராஸ் அல் கைமாவில் நர்ஸ். நான் ஊரோடு வந்துவிட்டேன். வந்த அன்று என் மனைவி முதலில் சோதித்தது என் பேக்கைத்தான், குவார்ட்டர் இருக்கிறதா என்று. எங்கள் வீட்டில் இன்றைக்கும் யாரும் ‘இன்னும் கொஞ்சம் குழம்பு’ என்று கேட்பதில்லை. தட்டை நீட்டி “ஹைக்” என்பார்கள்.

போன மாதம் மகள் போன் செய்தாள். நான் கொல்லையில் தேங்காய் எண்ணிக்கொண்டிருந்தேன். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

“அம்மா, எனக்கு ஹைக்...”

“மெதுவாச் சொல்லுட்டி!” என்று என் மனைவி பதறினாள். “ஒங்கப்பா கையில தேங்கா இருக்கு.”